எஸ்.டபிள்யூ.ஆர் 1.1, ஆனால் ஒருவருக்கும் கேட்கவில்லை

யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பொழுதுபோக்காக வானலையில் பேசும் ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்தவர். வீட்டு வளவில் 5 மீற்றர் உயர அலுமினியக் குழாயை நிமிர்த்தி, அடியில் ஒரு சுருள் போட்டு, 7 மெகாஹேர்ட்ஸில் பேசுவதற்குச் செங்குத்து அன்ரெனா ஒன்று செய்திருக்கிறார். எர்த்துக்கு நாலடிச் செப்புக் கம்பி ஒன்றை அடித்திருக்கிறார். பிறகு எஸ்.டபிள்யூ.ஆர் மீற்றரைப் பார்த்திருக்கிறார். அனுப்பிய சக்தி எதுவும் அன்ரெனாவிலிருந்து திரும்பி வராவிட்டால் அது 1.0 காட்டும். "எஸ்.டபிள்யூ.ஆர் 1.1 காட்டுது. இதைவிட நல்லா வராது எண்டு எல்லாரும் சொல்லினம். எனக்கு எல்லாரையும் கேக்குது. ஆனா நான் கூப்பிட்டா ஒருத்தரும் திரும்பிக் கதைக்கினம் இல்லை. காரைநகரிலை ஒரு அண்ணை வைச்சிருக்கிற அன்ரெனா 1.4 காட்டுது, அவர் இரவிலை ஐரோப்பாவோடை கதைக்கிறார். என்ரை மீற்றர் பிழையா?"

மீற்றரில் பிழை இல்லை. அது தன்னிடம் கேட்டதற்குச் சரியாகத்தான் பதில் சொல்கிறது. நாம்தான் அந்தப் பதிலுக்கு இல்லாத பொருளைக் கொடுத்துவிடுகிறோம்.

அடிப்படைகளை வேகமாகக் கடந்துவிடுவோம். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம், 7.1 மெகாஹேர்ட்ஸுக்கு அது சுமார் 42 மீற்றர். இதில் கால்வாசி உயரத்துக்கு, அதாவது பத்து மீற்றர் அளவில், ஒரு கம்பத்தை நிறுத்தினால் அது அந்த அதிர்வெண்ணில் தானாகவே ஒத்திசையும். கம்பம் குட்டையாக இருந்தால் சுருள் ஒன்றைச் சேர்த்து ஒத்திசைய வைக்கலாம். ரேடியோவும் கேபிளும் 50 ஓமுக்கு என்று செய்யப்பட்டவை. கேபிளின் மறுமுனையில் 50 ஓம் தெரிந்தால் அனுப்பிய சக்தி முழுவதும் உள்ளே போகும், இல்லாவிட்டால் ஒரு பகுதி திரும்பி வரும். எவ்வளவு திரும்புகிறது என்பதைத்தான் எஸ்.டபிள்யூ.ஆர் சொல்கிறது. 1.4 என்றால் திரும்புவது நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அதற்காக யாரும் தூக்கம் கெட வேண்டியதில்லை.

உள்ளே போன சக்தி அதற்குப் பிறகு எங்கே போனது என்று மீற்றருக்குத் தெரியாது. ரேடியோ திருத்துபவர்களிடம் டம்மி லோட் என்று ஒரு சாமான் இருக்கும். வெறும் 50 ஓம் தடை, சூட்டைத் தாங்கும் பெட்டிக்குள் அடைத்தது. அதன் எஸ்.டபிள்யூ.ஆர் அப்பழுக்கில்லாத 1.0. நூறு உவாற்றைக் கொடுத்தால் நூறையும் வாங்கிச் சூடாக்கிவிட்டு இருக்கும். அடுத்த சந்தியில் நிற்பவருக்கே சரியாகக் கேட்காது.

கோண்டாவில் அன்ரெனாவின் அடியில் தெரியும் 50 ஓமும் பெரும்பாலும் அப்படியொரு கலவைதான். கால் அலை உயரமுள்ள முழுக் கம்பத்துக்குக் கதிர்வீச்சுத் தடை சுமார் 36 ஓம். வானலையாக மாறிப் போகும் சக்தி இந்தத் தடையில்தான் ‘செலவாகிறது’. உயரத்தைப் பாதியாக்கினால் தடை பாதியாகாது, இன்னும் மோசமாக விழும். அடியில் சுருள் போட்ட 5 மீற்றர் கம்பத்துக்கு 6 ஓம் அளவில்தான் வரும். சுருளின் இழப்புக்கு ஒரு 4 ஓம் வைத்துக்கொள்வோம். அப்போது மீதி 40 ஓம் எங்கிருந்து வந்தது? மண்ணிலிருந்து. ஐம்பதில் ஆறு, நூற்றுக்குப் பன்னிரண்டு. நூறு உவாற்று கொடுத்தால் பன்னிரண்டு வானுக்குப் போகிறது, எண்பது வளவு மண்ணைச் சூடாக்குகிறது, எட்டு சுருளை. மீற்றர் 1.0ஐ ஒட்டி நின்று பல்லை இளிக்கிறது.

மண் எப்படி இதற்குள் வந்தது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இங்கே கொஞ்சம் நின்று போவோம்.

மின்னோட்டம் ஒரு சுற்றாகத்தான் ஓட வேண்டும் என்று பள்ளியில் படித்தோம். கம்பத்தின் நுனி வெறும் காற்றில் முடிகிறது. அப்படியானால் அடியிலிருந்து மேலே ஏறும் மின்னோட்டம் எப்படித் திரும்புகிறது? பத்தொன்பதாம் நூற்றாண்டில் பௌதிகவியலாளர் மக்ஸ்வெல் இதற்குப் பதில் வைத்துவிட்டுப் போனார்: மாறிக்கொண்டிருக்கும் மின்புலமும் ஒரு மின்னோட்டம்தான், அது வெற்றிடத்திலும் ஓடும். கம்பத்தின் உடம்பு முழுவதிலிருந்தும் மின்புலக் கோடுகள் கிளம்பி, வளைந்து, சுற்றியுள்ள தரையில் இறங்குகின்றன. கம்பத்தடியிலும் இறங்கும், பத்து, இருபது மீற்றர் தள்ளியும் இறங்கும். பக்கத்து வளவின் கிணற்றடியில்கூட இறங்கும், வேலியை அது மதிக்காது. இறங்கிய இடத்திலிருந்து உண்மையான மின்னோட்டமாகி, மண்ணுக்குள்ளால் கம்பத்தின் அடியை நோக்கி ஓடி வருகிறது. அடுத்த அரைச் சுற்றில் எல்லாம் அப்படியே திசை மாறுகிறது. ஒரு செக்கனுக்கு எழுபது இலட்சம் தடவை இது நடக்கிறது.

அதாவது அந்தக் கம்பம் அன்ரெனாவின் ஒரு பாதிதான். மறுபாதி உங்கள் வளவு.

எல்லாத் திசையிலிருந்தும் வரும் மின்னோட்டம் அடியை நெருங்க நெருங்க நெருக்கியடித்துக்கொண்டு ஒரு சிறு வட்டத்துக்குள் நுழைகிறது. ஆகவே கம்பத்தடி மண்தான் மிகப் பெரிய இழப்பைத் தருகிறது. ஆழமாக ஒரு கம்பியை அடித்தால் தீராதா என்றால், தீராது. இந்த அதிர்வெண்ணில் மின்னோட்டம் சாதாரண மண்ணில் இரண்டு மூன்று மீற்றர் ஆழத்துக்குள்ளேயே தளர்ந்துவிடும், பரந்து கிடந்து மேலாகத்தான் வரும். ஒற்றை எர்த் கம்பி அதற்கு ஒரு புள்ளி மட்டும். அந்தப் புள்ளி வரை மண்ணுக்குள்ளால்தான் வந்து சேர வேண்டும்.

மிளகாய்த் தோட்டத்துக்கு மண் வாய்க்காலால் தண்ணீர் விட்டால், கன்றுக்குப் போக முன்பே செம்பாட்டு மண் பாதியைக் குடித்துவிடும். குழாய் போட்டால் மிச்சம். ரேடியல் என்று சொல்லப்படும் கம்பிகள் அந்தக் குழாயின் வேலையைத்தான் செய்கின்றன. கம்பத்தின் அடியிலிருந்து எல்லாத் திசைக்கும், தரையிலோ ஓரிரு அங்குலம் புதைத்தோ, வெறும் வயர்களை விரித்துவிடுகிறோம். இறங்கும் மின்புலக் கோடுகளை அவை மண்ணுக்கு முன்னாலேயே பிடித்து அடிக்குக் கொண்டுவந்துவிடும். தரையில் கிடக்கும் ரேடியலின் நீளத்தைத் துல்லியமாக வெட்ட வேண்டிய அவசியம் இல்லை. மண் தொட்டுக்கொண்டிருப்பதால் அதற்கு ஒத்திசைவு என்று ஒன்று உருப்படியாக மிஞ்சாது. கையில் இருக்கும் வயர் குறைவென்றால் நீளமான நாலைவிடக் குட்டையான பதினாறு நல்லது, நெரிசல் அடியில்தானே.

இனிச் சோதனைக்கு வருவோம். அன்ரெனாவின் தடையை அளக்கும் நனோ வி.என்.ஏ என்று ஒரு சிறு கருவி இப்போது கைத்தொலைபேசியைவிட மலிவாகக் கிடைக்கிறது. அதை வீட்டுக்குள்ளிருந்து பிடிக்காமல் கம்பத்தின் அடிக்கே கொண்டுபோய், அங்கேயே அளவுதிருத்தம் செய்து பிடியுங்கள். நீளமான மெல்லிய கேபிள் திரும்பி வரும் சக்தியை வழியில் விழுங்கி, மோசமான அன்ரெனாவையும் நல்லதாகக் காட்டும். எஸ்.டபிள்யூ.ஆர் திரையை ஒதுக்கிவிட்டு, ஒத்திசையும் இடத்தில் தடை எத்தனை ஓம் என்று பாருங்கள். எழுதி வையுங்கள். நாலு ரேடியல் போடுங்கள், திரும்ப அளந்து பாருங்கள். இன்னும் நாலு. அந்த எண் இறங்கிக்கொண்டே வரும். எப்போது இறங்குவதை நிறுத்துகிறதோ அப்போது வயர் வாங்குவதை நிறுத்தலாம்.

கோண்டாவில் கணக்கில் 40 ஓம் மண் இழப்பு 10 ஆக இறங்கினால் மொத்தம் 20 ஓம் தெரியும். எஸ்.டபிள்யூ.ஆர் 2.5க்கு ஏறிவிடும், பார்த்தால் பயமாக இருக்கும். ஆனால் வானுக்குப் போவது பன்னிரண்டிலிருந்து முப்பது உவாற்றாகியிருக்கும். மீற்றர் கெட்டுப்போகும்போது அன்ரெனா திருந்துகிறது! அப்புறம் அந்த 20 ஓமை 50க்குப் பொருத்துவது சின்ன வேலை, சுருளின் அடிப்பக்கச் சுற்று ஒன்றிலிருந்து ஒரு இணைப்பு எடுத்தால் போதும். காரைநகர் அண்ணையின் 1.4க்கும் இதுவே விளக்கம். ஐம்பதை முப்பத்தாறால் வகுத்துப் பாருங்கள். மண் இழப்பு கிட்டத்தட்ட இல்லாத முழு உயரக் கம்பம் காட்ட வேண்டிய எண் அதுதான்.

கருவி இல்லாதவர்களுக்கும் இரண்டு அடையாளங்கள் உண்டு. கேபிளைக் கையால் பிடித்தால் அளவு மாறுகிறதா? அப்படியென்றால் ரேடியல் இல்லாத குறைக்குக் கேபிளின் வெளிப்பின்னலே ரேடியல் வேலை பார்க்கிறது. ஆடி, ஆவணியில் ஒரு அளவும், கார்த்திகை மழைக்குப் பிறகு இன்னோர் அளவும் வருகிறதா? அப்படியென்றால் நீங்கள் அளப்பது மண்ணின் ஈரத்தை.

வானொலி நிலையக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். 1937இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ நிறுவனத்தைச் சேர்ந்த பிரவுன், லூயிஸ், எப்ஸ்டைன் மூவரும் ரேடியல்களின் எண்ணிக்கையையும் நீளத்தையும் மாற்றி மாற்றி அளந்து வெளியிட்டார்கள். மத்திய அலை நிலையங்களுக்கு 120 ரேடியல் என்ற வழக்கம் அதிலிருந்து வந்ததுதான். நமக்கு 120 தேவையில்லை. பதினாறிலிருந்து முப்பத்திரண்டுக்குள் பெரும்பங்கு கிடைத்துவிடும்.

"எனக்கு எல்லாரையும் கேக்குது" என்ற வரியையும் விடக்கூடாது. தொண்ணூறுகளில் மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில் சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் செய்தி கேட்டவர்களுக்கு இது தெரியும்: மரத்தில் கொளுவிய எந்த வயரும் கேட்பதற்குப் போதும். சிற்றலையில் இரைச்சலும் குரலும் ஒரே அன்ரெனாவால்தான் வருகின்றன. அன்ரெனா மோசமென்றால் இரண்டும் சேர்ந்து குறையும், குரலின் தெளிவு அவ்வளவாகக் கெடாது. அனுப்பும்போது இழந்தது இழந்ததுதான்.

இடையில் ஒரு சலிப்பு. வளவில் கம்பம் ஒன்று நிமிர்ந்தவுடன் இடியை இழுக்கும், கதிர்வீச்சு வரும் என்று அயலில் பேச்சுக் கிளம்பும். 2019இல் யாழ்ப்பாணத்தில் விளக்குக் கம்பங்களை வைத்து எழுந்த 5ஜி பரபரப்பு பலருக்கும் நினைவிருக்கும். 7 மெகாஹேர்ட்ஸ் அலையின் ஒரு போட்டோனுக்கு இருக்கும் சக்தி, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் போட்டோனில் ஏழு கோடியில் ஒரு பங்கு அளவு. முற்றத்தில் விழும் வெயிலுக்குப் பயப்படாதவர் இதற்குப் பயப்படுவதில் நியாயமில்லை. இடியைப் பொறுத்தவரை, பக்கத்தில் இருபது மீற்றருக்கு மேல் பனை நிற்கும்போது 5 மீற்றர் குழாய் பெரிய ஆள் இல்லை. ஆனாலும் மழை இருட்டினால் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அந்த எர்த் கம்பியும் அங்கேயே இருக்கட்டும், அதன் வேலை பாதுகாப்பு. பேசும்போது குழாயை யாரும் தொடாமலும் பாருங்கள், அது தோலைச் சுடும்.

சரி, மண் இழப்பைத் தீர்த்தாயிற்று. வானில் எவ்வளவு தூரம் போகிறது என்று எப்படிப் பார்ப்பது? ஒருவரைக் கூப்பிட்டு "எப்படிக் கேட்கிறது" என்று கேட்பதில் பயனில்லை. சிற்றலையைத் திருப்பித் தரைக்கு அனுப்பும் மேல் வளிமண்டலப் படையான அயன மண்டலம் நிமிடத்துக்கு நிமிடம் மாறும், அவரும் மரியாதைக்கு "நல்லாயிருக்கு" என்பார். இதற்கு விஸ்பர் என்றொரு முறை இருக்கிறது. 200 மில்லிஉவாற்றில், இரண்டு நிமிடத்துக்கு நீளும் ஒரு மெல்லிய சமிக்ஞையை அனுப்பினால், உலகெங்கும் கேட்கும் நிலையங்கள் எத்தனை டெசிபெலில் கேட்டது என்று தாமாகவே இணையத்தில் பதிவு செய்யும். பழைய அன்ரெனாவையும் புதியதையும் மாறி மாறி இணைத்து ஓர் இரவு முழுக்க ஓடவிட்டால், மறுநாள் காலை ஒப்பிட ஒரு பட்டியல் இருக்கும். ஆளின் தயவு தேவையில்லை.

விஸ்பர் மென்பொருளை எழுதியவர் ஜோ டெய்லர். இரட்டைப் பல்சரை, அதாவது இன்னொரு விண்மீனோடு சேர்ந்து சுற்றும் துடிப்பு விண்மீனை, கண்டதற்காக 1993இல் ரசல் ஹல்ஸோடு பௌதிகவியல் நோபல் பரிசு பெற்றவர், சிறு வயதிலிருந்தே ஹாம். இலவசமாகக் கொடுத்துவிட்டார். ஆராய்ச்சிக்குப் பணம் இல்லை என்று நம் நாட்டில் எப்போதும் சொல்கிறோம், அது உண்மையும்தான். ஆனால் இருக்கிற பணத்தில் பெரிய கருவி ஒன்றை வாங்கிப் பூட்டி வைப்பதைவிட, பாடசாலைக்கு ஒரு நனோ வி.என்.ஏயும் கொஞ்சம் வயரும் கொடுத்தால், அயன மண்டலத்தைப் பற்றிய உண்மையான தரவை உயர்தர மாணவர்களே சேர்த்துவிடுவார்கள் என்பது என் எண்ணம்.

விஸ்பர் பட்டியலில் ஒன்று விசித்திரமாக இருக்கும். ஆயிரக்கணக்கான மைல் தள்ளியுள்ளவர்கள் பலமாகக் கேட்டிருப்பார்கள், கொழும்பு பலவீனமாக இருக்கும். கொழும்பு இங்கிருந்து சுமார் 300 கிலோமீற்றர். அந்த அளவு உயரத்தில் இருக்கும் அயன மண்டலத்தில் பட்டு அங்கே இறங்க வேண்டுமென்றால் அலை அறுபது பாகைக்கு மேல் செங்குத்தாக ஏற வேண்டும். நிமிர்ந்த கம்பம் உச்சிக்கு அலை அனுப்பாது. கொழும்போடு பேசுவதற்குத் தாழ்வாகக் கட்டிய கிடை வயர்தான் சரி.

கம்பத்தின் பலம் தொடுவானத்தை ஒட்டிய தாழ்ந்த கோணங்களில். அங்கே யாழ்ப்பாணத்தவர்களுக்கு ஓர் அதிர்ஷ்டம் உண்டு. தாழ்வாகப் போகும் அலையோடு, சற்றுத் தள்ளித் தரையில் பட்டு எழும் அலையும் சேர்கிறது. 1815இல் டேவிட் புரூஸ்டர் ஒளியில் கண்ட விதி இங்கேயும் வேலை செய்கிறது: ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குக் கீழே, எழும் அலை நேரலைக்கு எதிராக வந்து அதை அழிக்கும். சாதாரண நிலத்தில் 7 மெகாஹேர்ட்ஸுக்கு அந்தக் கோணம் 13, 14 பாகை. கடல் நீரில் அரைப் பாகைதான். உப்புத் தண்ணீர் மண்ணைவிட ஆயிரம் மடங்கு நன்றாகக் கடத்துகிறது, அலை அதற்குள் பத்துச் சென்ரிமீற்றர்கூட இறங்காமல் திரும்பிவிடுகிறது. இந்தப் பிரதிபலிப்பு நடப்பது கம்பத்திலிருந்து நூற்றுக்கணக்கான மீற்றர் தள்ளி. கோண்டாவில் வளவில் எத்தனை ரேடியல் போட்டாலும் அவ்வளவு தூரம் எட்டாது. காரைநகரில் வடமேற்கே, ஐரோப்பா இருக்கும் திசையில், கடல்.

ஆகவே ஒரு சனிக்கிழமை பின்னேரம் கம்பத்தைக் கழற்றிக்கொண்டு கசூரினா கடற்கரைக்கோ பருத்தித்துறைக்கோ போய் விஸ்பரை ஓடவிட்டுப் பார்ப்பது நல்லது. அனுமதிப்பத்திரத்தைக் கையில் வைத்திருங்கள், கரையில் கம்பத்தை நிமிர்த்தினால் யாராவது வந்து கேட்பார்கள். இரண்டு ரேடியலின் நுனி ஈர மணலில் கிடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் குழாயையும் இணைப்புகளையும் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் உப்பு நின்றால் சீக்கிரமே அரித்துவிடும். அப்புறம் அந்த இணைப்பிலேயே சில ஓம் இழப்பு வந்து, மீற்றர் திரும்பவும் அழகான எண் காட்டத் தொடங்கும்.