என்தூசியாசம்: உற்சாகம் அல்ல, அருள்மருட்சி

18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு மெதடிஸ்டை, அதாவது ஜான் வெஸ்லி என்னும் போதகர் நடத்திய கிறிஸ்தவ இயக்கத்தைச் சேர்ந்தவரை, பழிக்க ஒரே சொல் போதுமாக இருந்தது: என்தூசியாசம் (enthusiasm). பேராயர்கள் அதைத் துண்டுப்பிரசுரங்களில் எழுதினார்கள். ஓவியர்கள் கேலிச்சித்திரமாக வரைந்தார்கள். இன்றைய ஆங்கில–தமிழ் அகராதியைப் புரட்டினால் அச்சொல்லுக்கு நேராக உற்சாகம், ஆர்வம், ஊக்கம் என்றிருக்கும். இன்றைய ஆங்கிலத்துக்கு அது சரிதான். அதே அகராதியை வைத்துக்கொண்டு ஜான் வெஸ்லி காலத்து எழுத்தைத் தமிழாக்கினால் "வெஸ்லி உற்சாகம் மிக்கவர் என்று குற்றம் சாட்டப்பட்டார்" என்று வந்து நிற்கும். உற்சாகம் எப்போது குற்றமானது என்று படிப்பவர் விழிப்பார். மொழிபெயர்ப்பில் இங்கே விழும் பிழை ஒரு சொல்லோடு நிற்பதில்லை. தொடக்கக்கால மெதடிஸ்ட் எழுப்புதலை, அதாவது அவர்கள் கிளப்பிய பக்தி விழிப்பை, சுற்றி நடந்த விவாதம் முழுவதும் இந்தச் சொல்லின் மேல்தான் நின்றது.

வேர் கிரேக்கம். 'என்' என்றால் உள்ளே. 'தேயோஸ்' என்றால் தெய்வம். 'என்தேயோஸ்' என்பவர் தெய்வம் உள்ளே புகுந்தவர். அதிலிருந்து வந்தது 'என்தூசியாஸ்மோஸ்'. குறி சொல்பவர், தெய்வ வாக்கு உரைப்பவர், கவிஞர் ஆகியோரின் நிலையைக் கிரேக்கர் இப்படிக் குறித்தனர். தமிழில் வழங்கும் 'ஆவேசம்' என்ற வடசொல்லும் ஏறக்குறைய இதே வழியில் பிறந்தது. அதன் வினையடிக்கு 'உள்ளே புகுதல்' என்று பொருள். இரண்டு சொற்களும் பிற்காலத்தில் தெய்வத்தை விட்டு நகர்ந்தன. ஆங்கிலச் சொல் ஊக்கத்தின் பக்கம் போனது; ஆவேசம் சினத்தின் பக்கம் சாய்ந்தது. "ஆவேசமாகப் பேசினார்" என்று இன்று செய்தித்தாளில் படிக்கும்போது யாருக்கும் சாமி வந்ததாக நாம் நினைப்பதில்லை.

வெஸ்லி 1750இல் அச்சிட்ட தம் பிரசங்கத்தில் இச்சொல்லின் பிறப்பைப் பற்றி வேறு ஊகங்களையும் தருகிறார். 'பலியில்' என்னும் பொருள்தரும் கிரேக்கத் தொடரிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒன்று. தெய்வமேறியவர்கள் எழுப்பிய ஓசையைக் கேட்டுப் புனைந்த சொல்லாகவும் இருக்கலாம் என்பது மற்றொன்று. இன்று தெய்வ வழிப் பிறப்பே ஏற்கப்படுகிறது. ஆனால் அவர் அங்கே சொன்ன இன்னொன்று முக்கியமானது: எல்லாரும் எடுத்து வீசும் இச்சொல்லுக்குப் பொருள் என்னவென்று வீசுபவர்களுக்கே தெரியவில்லை.

இங்கிலாந்தில் இச்சொல் கறைபட்டதற்குக் காரணம் 17ஆம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர். அரசனையும் பேராயர்களையும் வீழ்த்திய அந்தக் காலத்தில், கடவுள் என்னிடம் நேரில் சொன்னார் என்று எழுந்த கூட்டங்கள் பல. முடியாட்சி திரும்பியபின் படித்த வர்க்கத்துக்கு 'தனி வெளிப்பாடு' என்றாலே கலகத்தின் நினைவு வந்தது. தத்துவவாதி ஜான் லாக் தம் மனித அறிவு பற்றிய கட்டுரை நூலின் 4ஆம் பதிப்பில், 1700இல், இச்சொல்லுக்கென்றே ஓர் அதிகாரம் சேர்த்தார். தான் உறுதியாக நம்புவதால் அது கடவுளிடமிருந்து வந்தது, கடவுளிடமிருந்து வந்ததால் தான் உறுதியாக நம்புகிறேன் என்று இவர்கள் வட்டமடிக்கிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். 1706 முதல் பிரான்சிலிருந்து லண்டனுக்கு வந்த கமிசார் தீர்க்கதரிசிகள் (பிரெஞ்சு அரசனை எதிர்த்துக் கிளர்ந்த புராட்டஸ்டண்டுகள்) உடல் துடித்து வாக்குரைத்தது இந்த அச்சத்தை மேலும் வளர்த்தது. 1755இல் வந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி இதற்கு முதற்பொருளாகத் தருவது, தனக்குத் தனியே வெளிப்பாடு கிடைத்தது என்னும் வீண் நம்பிக்கை. கற்பனையின் சூடும் எண்ணங்களின் உயர்வும் அதற்குப் பின்னால்தான் வருகின்றன. நல்ல பொருள் அப்போதே முளைத்துவிட்டது. ஆனால் மதம் பற்றிய பேச்சில் முதற்பொருளே ஆண்டது.

இந்த மண்ணில்தான் 1738 மே 24 வருகிறது. லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில், வேதாகமத்தின் ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது, ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்கு, தம் இருதயம் அனல்கொண்டதாக வெஸ்லி எழுதினார். தம் பாவங்கள் நீங்கின என்ற நிச்சயம் தமக்குத் தரப்பட்டதாகவும் எழுதினார். "நிச்சயம் தரப்பட்டது" என்பதுதான் சிக்கல். யார் தந்தது, எப்படித் தெரியும் என்று கேட்பவருக்கு இது என்தூசியாசம்.

அடுத்த ஆண்டு பிரிஸ்டலில் விஷயம் வெளிப்படையானது. வெஸ்லியின் பிரசங்கத்தைக் கேட்டவர்கள் அலறினார்கள், தரையில் விழுந்தார்கள். 1739 மே 21 அன்று தாமஸ் மேக்ஸ்ஃபீல்டு என்பவர் கதறித் தரையில் மோதிக்கொண்டார், ஆறு பேர் பிடித்தும் அடக்குவதே அரிதாக இருந்தது என்று வெஸ்லியின் நாட்குறிப்பு சொல்கிறது. இந்தப் பெயரை நினைவில் வைக்கவும். அந்த ஆகஸ்டில் பிரிஸ்டல் பேராயர் ஜோசப் பட்லர் வெஸ்லியை அழைத்துப் பேசினார். பரிசுத்த ஆவியின் அசாதாரண வெளிப்பாடுகளும் வரங்களும் தமக்கு உண்டென்று உரிமை கோருவது மிகக் கொடிய காரியம் என்றார். அசாதாரணமான எதையும் தாம் உரிமை கோரவில்லை, எந்தக் கிறிஸ்தவனும் பெறக்கூடியதும் எதிர்பார்த்து ஜெபிக்க வேண்டியதும் எதுவோ அதை மட்டுமே சொல்கிறேன் என்பது வெஸ்லியின் பதில்.

இந்தப் பதிலில் ஒரு கோடு கிழிக்கப்படுகிறது. ஒரு பக்கம், விசுவாசிகள் எல்லாருக்கும் உரிய ஆவியானவரின் சாட்சி (ரோமர் 8:16). மறுபக்கம், ஒருவருக்கு மட்டும் வந்ததாகச் சொல்லப்படும் தரிசனம், முன்னறிவிப்பு, அற்புத வரம். எதிரிகள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டினார்கள். எக்ஸிட்டர் பேராயர் லாவிங்டன் 1749இலிருந்து வெளியிட்ட தாக்குதல் நூல், மெதடிஸ்டுகளின் என்தூசியாசத்தையும் கத்தோலிக்கர்களின் என்தூசியாசத்தையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டது. 1762இல் வில்லியம் ஹோகார்த் செதுக்கிய கேலிச்சித்திரத்தில் வெஸ்லியின் பிரசங்கப் புத்தகமும் சூனியக்காரிகளைப் பற்றிய ஒரு புத்தகமும் கீழே கிடக்க, அவற்றின் மேல் ஒரு வெப்பமானி நிற்கிறது. அதன் அளவுகோல் இளஞ்சூட்டிலிருந்து பரவசம், வலிப்பு, பித்து என்று ஏறுகிறது.

வெஸ்லி இந்தக் குற்றச்சாட்டைத் தள்ளிவிட்டுப் போகவில்லை. 1750இல் அச்சிட்ட அதே பிரசங்கத்தில், பவுலைப் பார்த்து நீ பிதற்றுகிறாய் என்று ரோம ஆளுநர் பெஸ்து கூவிய வசனத்தை (அப்போஸ்தலர் 26:24) எடுத்துக்கொண்டு, இந்த நோய் உண்மையானது, மெதடிஸ்டுகளிடமும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். அவர் தரும் இலக்கணம் இது: கடவுளிடமிருந்து ஏவுதல் வந்ததாகத் தவறாகக் கற்பனை செய்வதால் எழும் மதப் பித்து, அல்லது கடவுள்மேல் ஏற்றக்கூடாததை அவர்மேல் ஏற்றுவது, அல்லது அவரிடம் எதிர்பார்க்கக்கூடாததை எதிர்பார்ப்பது. உணர்ச்சியின் அளவைப் பற்றி இதில் ஒரு சொல்கூட இல்லை. எதை யாருக்கு உரியதாகக் கருதுகிறோம் என்பதுதான் கேள்வி. தமிழ்ச் சொல் தேடும்போது இதை விடக்கூடாது.

அவர் வகைப்படுத்துவதும் நடைமுறையானது. இல்லாத கிருபை தமக்கு உண்டென நினைப்பவர்கள் முதல்வகை. மனந்திரும்பாமலே தம்மைக் கிறிஸ்தவர் என்று எண்ணிக்கொள்ளும் மரியாதைப்பட்ட மக்களையும் இதில் சேர்க்கிறார். குற்றம் சாட்டியவர்கள் மேலேயே சொல் திரும்புகிறது. இல்லாத வரம் உண்டென நினைப்பவர்கள் அடுத்து: பேசும் ஒவ்வொரு சொல்லும் ஆவியானவர் தந்தது என்பவர்கள், அன்றாடச் சில்லறைக் காரியத்துக்கும் கனவிலும் மனத்தில் திடீரெனத் தோன்றும் அழுத்தத்திலும் கட்டளை பெறுபவர்கள். மூன்றாவது வகை என் பார்வையில் மிகக் கூர்மையானது: வழியை விட்டுவிட்டுப் பலனை எதிர்பார்ப்பவர்கள். வேதத்தைப் படிக்காமலே அதன் பொருள் விளங்கும், ஆயத்தம் செய்யாமலே பிரசங்கம் வரும் என்றிருப்பவர்கள் இவர்கள்.

தவறு எங்கே நேரும் என்பதற்கு 1763 பிப்ரவரி 28 சான்று. படைவீரராக இருந்த ஜார்ஜ் பெல் அன்று உலகம் முடியும் என்று அறிவித்தார். 1739இல் தரையில் மோதிக்கொண்ட மேக்ஸ்ஃபீல்டு, இப்போது வெஸ்லியின் மூத்த பிரசங்கிகளில் ஒருவர், இக்கூட்டத்தாரின் பக்கம் நின்றார். அன்று மாலை வெஸ்லி ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸில் பிரசங்கித்து இந்த முன்னறிவிப்பு அபத்தம் என்று விளக்கினார். அப்படியும் பலர் படுக்கப் பயந்தார்கள், சிலர் வயல்வெளிகளில் அலைந்தார்கள். வெஸ்லி வழக்கமான நேரத்துக்குப் படுத்து, பத்து மணி வாக்கில் ஆழ்ந்து உறங்கினார். மேக்ஸ்ஃபீல்டு அந்த ஆண்டே பிரிந்துபோனார். அதற்கு முன் 1762இல் தம் சங்கத்தாருக்கு, அதாவது மெதடிஸ்ட் குழுக்களில் இருந்தவர்களுக்கு, எழுதிய எச்சரிக்கையில் என்தூசியாசத்தைப் பெருமையின் மகள் என்று அழைத்திருந்தார் வெஸ்லி: எதையும் அவசரப்பட்டுக் கடவுள்மேல் ஏற்றாதீர்கள்; கனவுகள், குரல்கள், அழுத்தங்கள், தரிசனங்கள் கடவுளிடமிருந்தும் வரலாம், இயற்கையிலிருந்தும் வரலாம், பிசாசிடமிருந்தும் வரலாம்.

சோதிக்கும் வழி சங்க அமைப்பிலேயே இருந்தது. 1742இல் பிரிஸ்டல் கட்டடக் கடனை அடைக்க, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிக்கப் பன்னிரண்டு பேர் அளவில் பிரித்த வகுப்புகள் விரைவில் வாழ்க்கையை விசாரிக்கும் இடமாயின. வகுப்புத் தலைவர் ஒவ்வொருவரையும் வாரந்தோறும் பார்த்தார். நடத்தை சரியாக இருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை உறுப்பினர் சீட்டு. இல்லாவிட்டால் சீட்டு இல்லை. விழுந்து புரண்டவரிடமும் கேட்கப்பட்டது இதே கேள்விதான்: குடியை விட்டாயா, கடனைக் கொடுத்தாயா? அனுபவத்தின் வீச்சுக்கு அங்கே மதிப்பெண் கிடையாது.

வெஸ்லியின் தம்பி சார்லஸின் முறை இன்னும் நேரடியானது. 1743இல் நியூகாசிலில், என் குரலை மூழ்கடிக்கும்படி அலறுகிறவர்களை யாரும் தீர்ப்பிடாமல், நோகாமல், அறையின் கடைக்கோடிக்குத் தூக்கிச் செல்வார்கள் என்று முன்கூட்டியே அறிவித்தார். அன்றிரவு தூக்குபவர்களுக்கு வேலையே இல்லாமல் போயிற்று. ஜான் அவ்வளவு தூரம் போகவில்லை. 1759இல் எவர்ட்டனில் அவ்வூர்ச் சபைக்குரு ஜான் பெரிட்ஜின் கூட்டங்களில் நடந்தவற்றைப் பார்த்தபின் எழுதிய குறிப்பில், அலறலையும் தரிசனத்தையும் எழுப்புதலுக்கு இன்றியமையாதவையாகக் கருதியது முன்பு இருந்த ஆபத்து, அவற்றை முற்றிலும் பழிப்பது இப்போதைய ஆபத்து என்றார். கிருபையோடு இயற்கை கலந்தது, பிறகு சாத்தானும் அதைப் போலச் செய்தான் என்பது அவர் கணிப்பு.

இனித் தமிழ். உற்சாகம் பொருந்தாது என்பது தெளிவு. அது முயற்சியைக் குறிக்கும் சொல். பக்திவைராக்கியம் என்றும் போடக்கூடாது. தமிழ் வேதாகமத்தில் அது வேறொரு சொல்லுக்கு உரியது, பெரும்பாலும் நல்ல பொருளில் வருவது. மதவெறி பிறர்மேல் பாயும் வன்மத்தைக் குறிக்கிறது. ஜார்ஜ் பெல் யாரையும் அடிக்கவில்லை. பரவசம் உணர்ச்சியை மட்டும் சொல்கிறது. எழுப்புதல் என்பது நம் சபைகளில் நிலைத்த சொல், ஆனால் அது நிகழ்வின் பெயர். அதன்மேல் சுமத்தப்பட்ட பழியின் பெயர் ஆகாது. அருள்மயக்கம் நெருங்கி வருகிறது. ஆனால் பலர் உண்மையிலேயே மயங்கி விழுந்த கூட்டங்களைப் பற்றி எழுதும்போது அது மயக்கம்போட்டதாகவே படிக்கப்படும். பொய்யருள் என்றால் ஏமாற்று வேலை என்று ஆகிவிடும். குற்றம் சாட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் உளமார நம்பியவர்கள்.

மருள் என்ற சொல்லில்தான் வழி திறக்கிறது. பொருளல்லாதவற்றைப் பொருளென்று உணர்வதே மருள் என்கிறது குறள் (351). கடவுளுடையது அல்லாததைக் கடவுளுடையது என்று கொள்வது என்ற வெஸ்லியின் இலக்கணத்துக்கு இதைவிட நெருங்கிய தமிழ் கிடைக்காது. தனியே மருள் என்று எழுதினால் ஒரு தடை உண்டு. ஊர்க் கோயில் வழக்கில் மருளாளி என்பவர் தெய்வம் இறங்கும் மதிப்புக்குரிய ஆள். அங்கே அது பழிச்சொல் அல்ல. ஆகவே அருள்மருட்சி என்று கூட்டிச் சொல்வதே சிறந்தது. அருளைப் பற்றிய மருட்சி என்று அது விரியும். அருள் என்று ஒரு தரப்பு சொன்னதை மருள் என்று மறுதரப்பு சொன்ன சண்டையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறது.

பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை சில. கிரேக்கப் பின்னணியில், பழிப்பில்லாமல் வந்தால் தெய்வாவேசம். 17, 18ஆம் நூற்றாண்டு ஆங்கில மத எழுத்தில் வந்தால் அருள்மருட்சி. ஆளைக் குறித்தால் அருள்மருட்சியர். அதே நூற்றாண்டில் கவிதை, கலை பற்றிய பேச்சில் வந்தால் ஜான்சனின் பின்னிரு பொருள்களைப் பார்த்து மனவெழுச்சி. 19ஆம் நூற்றாண்டு மெதடிஸ்ட் எழுத்தில் ஒவ்வோர் இடத்தையும் தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும். அப்போது இரண்டு பொருளும் அருகருகே வழங்கின. எதிர்ச்சொல்லாக 'நிதானம்', 'பகுத்தறிவு' என்று அதே வாக்கியத்தில் வந்தால் பழைய பொருள். சோம்பல், அசட்டை என்று வந்தால் புதிய பொருள். அப்படிப் பார்த்தால் நாம் தொடங்கிய வாக்கியம் இப்படித் திருந்தும்: "வெஸ்லி அருள்மருட்சியர் என்று குற்றம் சாட்டப்பட்டார்."