கழற்றிப் பூட்டக்கூடிய வீடு

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையில் இருந்த பழைய ஓட்டு வீட்டைத் தொடர்மாடி கட்டுவதற்காகப் பிரித்தார்கள். சுவர் இடிக்க வந்தவர்கள் ஒரே சத்தம். கூரை கழற்ற வந்த ஓடாவியாருக்கு மட்டும் அவசரமே இல்லை. முன் விறாந்தையில் தூணும் அதன் மேல் படுக்கையாகக் கிடக்கும் வளை மரமும் சேரும் இடத்தில் விரல் தடிப்பில் ஒரு மர ஆணி இருந்தது. மறுபக்கத்திலிருந்து நாலு தட்டுத் தட்டி அதை வெளியே எடுத்தார். அப்புறம் இரண்டு பேர் தூக்க, வளை நோகாமல் கழன்று வந்தது. “இரும்பாணி எண்டால் அறுத்துத்தான் எடுக்கோணும், தம்பி” என்றார்.

பாரத்தைச் சுமந்தது அந்த ஆணிதான் என்று நினைத்திருந்தேன். இல்லை. தூணின் தலையை நாக்குப்போலச் செதுக்கி, வளையின் அடியில் அதே அளவுக்குத் துளை போட்டிருக்கிறார்கள். நாக்கைச் சுற்றியுள்ள தோளில் வளை குந்திவிடும். கூரைப் பாரம் அந்தத் தோள் வழியாகத் தூணுக்கு இறங்கும். நாக்கு நழுவாமல் பார்ப்பது மட்டுமே ஆணியின் வேலை.

இங்கிலாந்துக் கிராமங்களில் ஓக் மரச்சட்ட வீடுகள் சில 500, 600 வருடங்களாக நிற்பதும் இதே மூட்டால்தான். அங்கே தச்சர்கள் ஒரு கள்ள வேலை செய்வார்கள். நாக்கிலுள்ள ஆணி ஓட்டையை மட்டும் 2, 3 மில்லிமீட்டர் தோள் பக்கமாகத் தள்ளிப் போடுவார்கள். ஓட்டைகள் நேருக்கு நேர் இல்லாததால், அடிக்கிற ஆணி நெளிந்துதான் உள்ளே போகும்; போகும்போதே மூட்டை இழுத்து இறுக்கிவிடும். அவர்கள் கட்டியது பச்சை மரத்தில். மரம் காயும்போது நீளவாட்டில் சுருங்குவது மிகக் குறைவு, குறுக்கே நூற்றுக்கு 4 முதல் 10 வரை சுருங்கும். அப்போதும் வளைந்த ஆணி வில்லுப்போல இழுத்துக்கொண்டே இருக்கும்.

சரி, காற்றில் சரியாதா? நாலு ஐஸ்கிரீம் குச்சிகளை மூலைகளில் குண்டூசியால் கோத்துப் பாருங்கள், தள்ளினால் சாயும். மூலைக்குக் குறுக்கே இன்னொரு குச்சி வைத்தால் அசையாது. அந்த வீடுகளின் முகப்பில் தெரியும் சாய்வுச் சட்டங்கள் அழகுக்கு வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள்.

சட்டங்களுக்கு இடையில் கம்பு பின்னி, வைக்கோலும் சாணமும் கலந்த களிமண்ணை அப்புவார்கள். நம்மூர் வரிச்சுச் சுவர் மாதிரியேதான். சிங்களவர்களும் அதை வரிச்சி என்றுதான் சொல்கிறார்கள். சுவர் தன்னை மட்டும் சுமப்பதால், எலும்புக்கூட்டைத் தனியே கழற்றலாம். கென்ட் மாவட்டத்தில் நீர்த்தேக்கம் கட்டியபோது, பேலீஃப் என்ற 15ஆம் நூற்றாண்டுப் பண்ணை வீட்டை 1960களின் கடைசியில் அப்படித்தான் பிரித்து, சசெக்ஸ் அருங்காட்சியகத்தில் திரும்பப் பூட்டினார்கள்.

இந்த வித்தையைப் பார்க்க அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கண்டிக்குப் பக்கத்தில் எம்பெக்கே தேவாலயத்தில் அண்ணாந்து பாருங்கள்: 26 கைமரங்களை ஒரே ஒரு மர முளை பிடித்து வைத்திருக்கிறது.

கொழும்பில் மரத்துக்கு உண்மையான எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதன் 80 சதவீதத்தில் நின்றால், மரம் தன் எடையில் சுமார் 16 சதவீதம் தண்ணீரை வைத்துக்கொள்ளும். 20ஐத் தாண்டினால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். இடைவெளி வெறும் நாலு! தாழ்வாரத்தை அகலமாக இறக்கியதும், தூணைக் கல்லின் மேல் நிறுத்தியதும் அதற்காகத்தான். கடற்காற்றில் இரும்பாணி துருப்பிடித்து வீங்கினால் மரத்தையும் பிளந்துவிடும்.

ஒழுங்கை வீட்டில் ஒரு தூணின் அடி மட்டும் கை வைத்ததும் தூளாகக் கொட்டியது. பிற்காலத்தில் யாரோ விறாந்தையை உயர்த்தி, தூணைச் சுற்றிச் சீமெந்து பூசியிருக்கிறார்கள். உள்ளே போன மழைத்தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. ஓடாவியார் ஒரு சாண் அளவுக்கு அறுத்து எறிந்துவிட்டு மிச்சத்தைத் தட்டிப் பார்த்தார். கணீரென்றது. வெண்கட்டியால் 7 என்று எழுதி லொறியில் ஏற்றினார்.