பிளக்கின் மூக்கில் படியும் ஈயம்

டர்பன் வர்ஜீனியா விமானத்தளத்தில் பயிற்சி பெறும் சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடலோரத்தில் சீராக ஓடிய செஸ்னா 172 சிறுவிமானம், ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஜெர்மிஸ்டன் ராண்ட் தளத்தில் இறங்கிய மறுநாள் காலை மேக்னெட்டோ சோதனையில் குலுங்கியது. ஒரு மேக்னெட்டோவில் 300 சுற்று இறங்கியது. ஒரே இரவில் என்ன கெட்டுப்போயிருக்கும்?"

எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலும் கீழுமாக இரண்டு ஸ்பார்க் பிளக்; அவற்றுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவும் இரண்டு. பறக்குமுன் ஒன்றை அணைத்து மற்றதில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதுதான் சோதனை; அப்போது எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் சுற்று சற்றே இறங்க வேண்டும். 300 இறங்கினாலும், பெரும்பாலும் எதுவும் கெட்டிருக்காது. பிளக்கில் அழுக்குப் படிந்திருக்கும். அதுவும் முந்தைய மாலை தரையில் உருண்டு டாக்ஸி செய்தபோதே.

வர்ஜீனியா கடல்மட்டத்தை ஒட்டியது. ராண்ட் 5,483 அடி உயரம். அங்கே காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறைவு. வெயில் 30 டிகிரியைத் தொட்டால் எஞ்சினுக்கு அது 8,500 அடி உயரம் மாதிரி. ஆனால் கார்புரேட்டர் அதே அளவுக்குப் பெட்ரோலைக் குறைப்பதில்லை. காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸ்சர் குமிழை முழுக்க உள்ளே தள்ளியபடி உருண்டால் மிச்சப் பெட்ரோல் கரியாகிப் பிளக்கில் ஒட்டும். கரி மின்சாரத்தைக் கடத்தும். இடைவெளியைத் தாவிப் பொறியாக வேண்டிய மின்னழுத்தம் பீங்கான் மேலாகவே உலோக உடலுக்குக் கசிந்துவிடும்.

ஈயத்தின் வேலை இதைவிட நுட்பமானது. நம் தென்னாப்பிரிக்கச் சாலைகளில் ஈயப் பெட்ரோல் 2006-இல் நின்றது. விமானங்களுக்கான 100 எல்.எல். பெட்ரோலில் இன்னமும் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம்; சிலிண்டருக்குள் நேரங்கெட்டு வெடிக்காமல் காப்பது அதுதான். எரிந்ததும் அது ஈய ஆக்சைடாகிறது. அதை உருக்கவே 880 டிகிரிக்கு மேல் வேண்டும். எனவே பெட்ரோலில் எத்திலீன் டைபுரோமைடும் கலக்கிறார்கள். புரோமின் ஈயத்தைப் பிடித்து ஈய புரோமைடாக்கும். அது சுலபமாக ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறும். ஒரே நிபந்தனை, பிளக்கின் மூக்கு, அதாவது சிலிண்டருக்குள் இருக்கும் பீங்கான் நுனி, சூடாக இருக்க வேண்டும். 540 முதல் 700 டிகிரி வரை இருந்தால் நல்லது. 480-க்குக் கீழே போனால் ஈயம் அங்கேயே தங்கும். 600, 700 சுற்றில் உறுமிக்கொண்டு நிற்கும் எஞ்சினில் அந்தச் சூடு வராது.

பள்ளி ஆய்வகத்தில் பார்த்திருப்பீர்கள்: திண்ம ஈய புரோமைடில் கம்பிகளைச் செருகினால் பல்பு எரியாது, 370 டிகிரி வாக்கில் உருகியதும் எரியும். அதே பாடம் பிளக்கின் மூக்கிலும் நடக்கிறது. ஈயம் படிந்த பிளக் குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காகப் பொறிவிடும். முழு விசை கொடுத்துச் சூடேறியதும் படிவு மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கி, பொறி தவறும். தரையில் ஒழுங்காக இருந்த எஞ்சின் மேலேறும்போது இடறுவது இப்படித்தான்.

ஈயமில்லாத ஜி100யு.எல். பெட்ரோலை அமெரிக்க விமானத்துறை 2022 செப்டம்பரில் அங்கீகரித்தது. நம் நாடும் ஈயமில்லா விமானப் பெட்ரோல் ஆய்வுக்குப் பணம் ஒதுக்க வேண்டும். ஓடுபாதைக்குப் பக்கத்தில் வளரும் பிள்ளைகள் மூச்சில் இழுப்பது இந்த ஈயத்தைத்தான்.

அதுவரை கைப்பழக்கம்தான் மருந்து. தரையில் 1,000 முதல் 1,200 சுற்றில் வையுங்கள். மிக்ஸ்சரை இழுங்கள்: சுற்று சற்று ஏறி, மீண்டும் விழத் தொடங்கும் இடம்வரை. அரைகுறையாக இழுக்காதீர்கள். நன்றாக இழுத்திருந்தால், மறந்துபோய் விசையைக் கூட்டும் த்ராட்டிலைத் தள்ளினாலும் எஞ்சின் திணறி உங்களை நிறுத்திவிடும். தரையில் இப்படிப் பெட்ரோலைக் குறைத்து லீன் செய்தால் எஞ்சின் வெந்துவிடும் என்பது மூடநம்பிக்கை. அந்தக் குறைந்த விசையில் எஞ்சினைக் கெடுக்கும் அளவுக்குச் சூடே பிறக்காது. அணைக்கும் முன் 1,800 சுற்றில் 15, 20 விநாடி ஓட்டி, 1,200-க்கு இறக்கி, உடனே மிக்ஸ்சரை இழுத்து அணையுங்கள்.

சோதனையில் குலுங்கினால் 1,800, 2,000 சுற்றில் லீன் செய்து ஒரு நிமிடம் ஓட்டிவிட்டு மறுபடி பாருங்கள். இறக்கம் உங்கள் விமானக் கையேட்டின் வரம்பைத் தாண்டினாலோ, இரண்டு மேக்னெட்டோவுக்கும் 50-க்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ பறக்காதீர்கள். சுற்று இறங்கவே இல்லையென்றால் அதுவும் கோளாறுதான்: மேக்னெட்டோவை அணைக்க உதவும் எர்த் கம்பி அறுந்திருக்கலாம், சாவியை அணைத்த பிறகும் புரொப்பெல்லரைக் கையால் அசைத்தால் எஞ்சின் கிளம்பிவிடக்கூடும்.

பிளக்கைக் கழற்றினால் கீழ்வரிசையில்தான் அழுக்கு அதிகம். கறுப்புப் பொடி என்றால் பெட்ரோல் அதிகம். ஈர எண்ணெய் என்றால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்மானம். சாம்பல்நிற மணிகள் ஈயம். பீங்கானில் கீறல் விழாமல் அவற்றைக் குத்தி எடுத்து, இடைவெளியை 0.4 முதல் 0.5 மி.மீ.-க்குள் வைத்து, கீழ்வரிசையை மேலே மாற்றுங்கள். செப்பு வாஷர் ஒவ்வொரு முறையும் புதிது. கை தவறிக் கீழே விழுந்த பிளக்கைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். பீங்கான் விரிசல் கண்ணுக்குத் தெரியாது. எது எந்தச் சிலிண்டர் என்று பென்சிலால் பிளக்கில் எழுதவே எழுதாதீர்கள். பென்சில் முனையும் கரிதான்.