எமுலேட்டர் முன்மாதிரி அல்ல

டேப்லெட்டில் விண்டோஸை ஓட்டுவது எப்படி என்று விளக்கும் ஒரு தமிழ்க் கட்டுரையைப் படித்துக்கொண்டிருந்தேன். "முதலில் நல்ல முன்மாதிரி ஒன்றைப் பதிவிறக்கிக்கொள்ளுங்கள்" என்று ஒரு வரி. எதற்கு முன்மாதிரி, யாருக்கு முன்மாதிரி? இரண்டு பத்தி தாண்டிய பிறகுதான் எழுதியவர் எமுலேட்டரை, அதாவது ஒரு வகைக் கணினிக்கு எழுதிய நிரலை வேறு வகைக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருளைச் சொல்கிறார் என்று புரிந்தது. இதே சொல்லைக் காணொளிகளிலும் மென்பொருள் பட்டியல்களிலும் பலமுறை பார்த்துவிட்டேன். இனியும் சும்மா இருக்க மனம் வரவில்லை.

சொல்லின் பிறப்பு சிறிய கதைதான். லத்தீனில் 'அய்முலாரி' என்றால் ஒருவரோடு போட்டியிட்டு அவருக்குச் சமமாக நிற்க முயல்வது. 1960களின் தொடக்கத்தில் ஐபிஎம் நிறுவனத்தார் இதைக் கணினித் துறைக்குக் கொண்டுவந்தார்கள். 1964இல் அவர்கள் அறிவித்த சிஸ்டம்/360 வரிசையில், பழைய 1401 கணினிக்கு எழுதிய நிரல்களும் ஓட வழி செய்திருந்தார்கள். அந்த வசதியின் பெயர்தான் எமுலேட்டர்.

இன்றைய டேப்லெட்டிலும் வேலை அதேதான். பெரும்பாலான டேப்லெட்டுகளில் இருப்பது ஆர்ம் வகைச் செயலி (புராசசர்). மேசைக்கணினி மென்பொருள்களில் பெரும்பகுதி எக்ஸ்86 வகைச் செயலிக்காக எழுதப்பட்டவை. ஒன்றின் கட்டளை மற்றொன்றுக்குப் புரியாது. 2012இல் வந்த விண்டோஸ் ஆர்டி டேப்லெட்டுகளில் மேசைத்திரை அப்படியே இருந்தும் பழைய விண்டோஸ் நிரல்களை நிறுவ முடியாமல் போனதற்கு இது முக்கியமான காரணம். எமுலேட்டர் இடையில் உட்கார்ந்து, எக்ஸ்86 கட்டளைகளை ஆர்ம் கட்டளைகளாக மாற்றிக்கொண்டே இருக்கும். ஓடுகிற நிரலுக்குத் தான் வேறு வீட்டில் இருப்பதே தெரியாது.

சரி, 'முன்மாதிரி' எங்கிருந்து வந்தது? பொது அகராதியில் 'எமுலேட்' என்ற ஆங்கில வினைக்கு 'ஒருவரை முன்மாதிரியாகக் கொண்டு நடத்தல்' என்று பொருள் இருக்கும். அதிலிருந்து பாதியைப் பிய்த்து எடுத்திருக்கிறார்கள். ஆனால் அங்கே முன்மாதிரி யார்? பின்பற்றப்படுகிறவர். எமுலேட்டரோ பின்பற்றுகிறது. பழைய எக்ஸ்86 கணினிதான் முன்மாதிரி, எமுலேட்டர் அதைப் பார்த்துச் செய்கிற மாணவன். மாணவனுக்கு ஆசிரியரின் பெயரை வைத்துவிட்டு, அதைக் கலைச்சொல் என்கிறார்கள். போதாக்குறைக்கு, ஒரு கருவியைப் பெருமளவில் தயாரிக்கும் முன் சோதனைக்காகச் செய்து பார்க்கும் முதல் உருவுக்கும் 'முன்மாதிரி' என்ற சொல் நன்றாக நிலைத்துவிட்டது. 'விண்டோஸ் முன்மாதிரி' என்று படிப்பவர், இன்னும் முழுமையாகாத விண்டோஸ் பதிப்பு என்றுதான் நினைப்பார். அப்படி நினைப்பது அவர் தவறல்ல.

இன்னொரு கூட்டம் 'போலி' என்கிறது. இதை என்னால் எளிதில் தள்ள முடியவில்லை, ஏனென்றால் இலக்கணத்தில் போலி அருமையான சொல். பந்தல் என்பது பந்தர் ஆகும், முகம் என்பது முகன் ஆகும். ஓரெழுத்தின் இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்றும் பொருள் மாறுவதில்லை. எமுலேட்டர் செய்வதும் கிட்டத்தட்ட இதுதான்: கட்டளை மாறுகிறது, விளைவு மாறுவதில்லை. அந்தப் பொருள் மட்டும் இன்று புழக்கத்தில் இருந்திருந்தால் நானே முதலில் கை தூக்கியிருப்பேன். ஆனால் இப்போது போலி என்றால் ஏமாற்று. போலிச் சான்றிதழ், போலி மருத்துவர், போலிச் செயலி. பணம் திருடும் செயலிகளைப் பற்றி எச்சரிக்க நமக்கு 'போலிச் செயலி' என்ற தொடர் தேவைப்படுகிறது. அதையே நேர்மையான ஒரு மென்பொருளுக்கும் சூட்டினால் எச்சரிக்கையின் கூர் மழுங்கிவிடும்.

'மெய்நிகர் இயந்திரம்' (விர்ச்சுவல் மெஷின்) என்பவர்கள் செய்வது வேறு வகைக் குழப்பம். அந்தச் சொல் நல்ல சொல், பொருள்தான் வேறு. மெய்நிகர் இயந்திரத்தில், உள்ளே ஓடும் இயங்குதளத்தின் கட்டளைகளில் பெரும்பாலானவற்றை உண்மைச் செயலி நேரடியாகவே நிறைவேற்றும். அதற்கு இயங்குதளமும் செயலியும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஆர்ம் டேப்லெட்டில் ஆர்ம் லினக்ஸை, கருவி இடம் கொடுத்தால், இப்படி நல்ல வேகத்தில் ஓட்டலாம். எக்ஸ்86 விண்டோஸை ஓட்ட முடியாது, அதற்குக் கட்டளை மாற்றம் வேண்டும், அது நேரத்தைத் தின்னும். 2024 ஜூலையில் ஆப்பிள் ஆப் ஸ்டோரில் ஐபேடுக்கும் வந்த யுடிஎம் எஸ்இ என்ற எமுலேட்டர் இன்னும் மெதுவானது. ஓடும்போதே புதிய கட்டளைத் தொகுப்பை உருவாக்கிச் செயல்படுத்த ஆப்பிள் அதற்கு இடம் தரவில்லை என்பதால், ஒவ்வொரு கட்டளையையும் படித்துப் படித்து நிறைவேற்றுகிறது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒன்று ஏன் வேகமாகவும் மற்றொன்று ஏன் ஆமை போலவும் ஓடுகிறது என்பதை வாசகருக்கு எந்தச் சொல்லால் விளக்குவது?

'பாவனை' என்ற சொல், ஒன்றைப் போல நடித்துக் காட்டும் சிமுலேட்டருக்கு ஒருவேளை பொருந்தலாம். ஆனால் ஈழத்தமிழில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயனர். அங்கே அது நிற்காது.

எனக்குப் பிடித்தது 'ஈடு'. 'அவனுக்கு ஈடு கொடுக்க முடியாது' என்கிறோமே, அது லத்தீன் மூலத்தின் அதே போட்டிப் பொருள். ஈடுசெய்தல் என்றால் இல்லாததை நிரப்புதல். டேப்லெட்டில் இல்லாத செயலியை மென்பொருள் நிரப்புகிறது. செய் என்பதிலிருந்து செயலி வந்ததுபோல, ஈடுசெய் என்பதிலிருந்து 'ஈடுசெயலி'. இழப்பீட்டை நினைவூட்டுகிறதே என்று கேட்கலாம். நினைவூட்டட்டும், அதில் கெட்ட பொருள் ஒன்றும் இல்லையே. இது பிடிக்காதவர்கள் எமுலேட்டர் என்றே எழுதட்டும். தமிழ் எழுத்தில் எழுதிய கடன்சொல், தவறான பொருள் தரும் தமிழ்ச்சொல்லைவிட நூறு மடங்கு மேல்.

என் கோபமெல்லாம் பட்டியலைப் பார்த்துச் சொல்லை ஒட்டும் பழக்கத்தின் மேல்தான். கருவி என்ன செய்கிறது என்று ஒரு நிமிடம் பார்த்தாலே போதும். டேப்லெட்டை 'மாத்திரை' என்று எழுதியதையும் பார்த்திருக்கிறேன். அதையாவது யாரும் நம்பமாட்டார்கள். முன்மாதிரி பார்வைக்குச் சரியாக இருப்பதால், படிப்பவர் அப்படியே நம்பிவிடுகிறார்.

அப்புறம் ஒன்று. ஆண்ட்ராய்டு டேப்லெட்டில் விண்டோஸ் விளையாட்டுகளை ஓட்ட உதவும் வின்லேட்டரில் பாக்ஸ்64, வைன் இரண்டும் சேர்ந்து உழைக்கின்றன. கட்டளைகளை மாற்றும் பாக்ஸ்64ஐ ஈடுசெயலி என்று சொல்லலாம். வைன், விண்டோஸ் நிரல்கள் இயங்குதளத்திடம் கேட்கும் உதவிகளுக்கு லினக்ஸில் பதில் தருகிறது, அவ்வளவுதான். தான் எமுலேட்டர் இல்லை என்பதையே பெயர் விளக்கமாக வைத்துக்கொண்ட மென்பொருள் அது. அதற்கு இந்தச் சொல்லைப் போட வேண்டாம்.