பங்களா பழசு, போர்டு புதுசு: ‘ஹெரிடேஜ் ஹோட்டல்’ சான்று யாருக்குக் கிடைக்கும்?

குன்னூரிலிருந்து கோத்தகிரி வரைக்கும் ஒரு சுற்றுப் போய் வந்தால், ‘ஹெரிடேஜ்’ என்று எழுதாத தங்கும் விடுதியைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. எஸ்டேட் துரை குடியிருந்த பங்களாவும் ஹெரிடேஜ்தான். போன வருடம் கான்கிரீட் போட்டு, வாசலில் செட்டிநாட்டுக் கதவு மாட்டிய கட்டடமும் ஹெரிடேஜ்தான். போர்டில் எழுதுவதை யாரும் வந்து தடுப்பதில்லை. ஆனால் மத்திய சுற்றுலா அமைச்சகம் ‘பாரம்பரிய ஹோட்டல்’ என்று ஒரு தனி வகைப்பாடு வைத்திருக்கிறது. அதற்கு விதிகள் உண்டு, அதிகாரிகள் நேரில் வந்து பார்ப்பது உண்டு, காலாவதித் தேதியும் உண்டு. மலையில் பழைய வீடு வைத்திருப்பவர்களும், அறைக்கு ஆறாயிரம், எட்டாயிரம் கொடுத்துத் தங்க வருபவர்களும் அதைத் தெரிந்துகொள்வது நல்லது.

முதலில், எந்தக் கட்டடம் தகுதி பெறும்? அரண்மனை, கோட்டை, ஹவேலி (வட இந்தியப் பாணி பழைய மாளிகை), வேட்டை மாளிகை, குடியிருந்த வீடு, இவற்றில் ஏதாவது ஒன்று 1950-க்கு முன் கட்டப்பட்டு, இப்போது ஹோட்டலாக நடந்துகொண்டிருக்க வேண்டும். முகப்பும் கட்டுமானமும் அந்த ஊரின் பழைய வாழ்க்கை முறையோடு ஒட்டியதாக இருக்க வேண்டும். இதற்குள் மூன்று படிகள் இருக்கின்றன. 1950-க்கு முந்தைய கட்டடமாக இருந்து, குறைந்தது 5 அறை, 10 படுக்கை இருந்தால் ‘ஹெரிடேஜ் பேசிக்’. 1935-க்கு முந்தையதாக இருந்து, குறைந்தது 15 அறை, 30 படுக்கை இருந்தால் ‘ஹெரிடேஜ் கிளாசிக்’. அதே வயது, அதே அறைக் கணக்கோடு அலங்காரமும் வசதியும் ஒரு படி மேலே இருந்தால் ‘ஹெரிடேஜ் கிராண்ட்’.

இந்த விதிகளை எழுதியவர்கள் மனதில் ராஜஸ்தான்தான் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஹவேலி, வேட்டை மாளிகை என்று பட்டியல் போகும்போதே தெரிகிறது. ஜெய்ப்பூரின் ராம்பாக் அரண்மனை 1957-லும், உதய்ப்பூர் ஏரிக்கு நடுவில் இருக்கும் அரண்மனை 1963-லும் ஹோட்டல்களாயின. ராஜாக்களின் வருமானம் போய்விட்டது, ஆனால் நூறு அறையைப் பெருக்கித் துடைக்கும் செலவு போகவில்லை. நம் பக்கத்திலும் அப்படி ஒன்று உண்டு. ஊட்டி ஃபெர்ன்ஹில் அரண்மனை 1844-ல் எழுந்த கட்டடம். பிறகு மைசூர் மகாராஜாக்களின் கோடை வாசஸ்தலமாகி, அதற்கும் பிறகு ஹோட்டலானது. அங்கே நடன அரங்கின் கூரை, காகிதக் கூழில் செய்த வேலைப்பாடு.

ஆனால் நீலகிரியின் பழைய தங்கும் இடங்களில் பல, அரண்மனை வகை அல்ல. ஊட்டி சவாய் ஹோட்டல் தன் கதையை 1829-லிருந்து சொல்கிறது. ஊட்டி கிளப் இருக்கும் கட்டடத்தை 1830-களின் தொடக்கத்தில் கட்டியவர் சர் வில்லியம் ரம்போல்ட். முதலில் ஹோட்டலாக இருந்து 1840-களில் கிளப்பானது. ஸ்னூக்கர் விளையாட்டின் விதிகள் அங்கேதான் எழுதி ஒட்டப்பட்டன என்று பெருமையாகச் சொல்வார்கள். உறுப்பினர் அல்லாதவர் வெளியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். இவை போக, குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானல் பக்கமெல்லாம் நான்கு அறை, ஐந்து அறை பங்களாக்கள்தான் அதிகம். அதனால் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியமான படி ‘பேசிக்’. அந்த ‘5 அறை’ என்ற வரியில்தான் பலருடைய கணக்கு நின்றுபோகிறது.

நான்கு அறைதான் இருக்கிறது, வீட்டுக்காரரும் அதே வீட்டில் குடியிருக்கிறார் என்றால், அவர் ஹெரிடேஜ் வகைக்கு முட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அமைச்சகத்தின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’, அதாவது ஹோம்ஸ்டே திட்டம் அவருக்குப் பொருந்தும். ஒரு அறையிலிருந்து ஆறு அறை வரை, அதிகபட்சம் 12 படுக்கை. தங்கம், வெள்ளி என்று இரண்டு தரம். முக்கிய நிபந்தனை, உரிமையாளரோ குடும்பமோ அங்கேயே வசிக்க வேண்டும். பெங்களூரில் இருந்துகொண்டு, சாவியை வாட்ச்மேனிடம் கொடுத்து நடத்துவது இதற்குள் வராது. நம் மலையில் ஹோம்ஸ்டே என்ற பெயரில் நடப்பதில் எத்தனை இந்த ஒரு நிபந்தனையைத் தாண்டும் என்று கேட்டால், பதில் சொல்ல யாருக்கும் அவசரம் இருக்காது.

சரி, 5 அறை இருக்கிறது, கட்டடமும் 1950-க்கு முந்தையது. அடுத்தது புதிதாகக் கட்டிய பகுதி பற்றிய விதி. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விதி. பழைய வீட்டோடு சேர்த்துக் கட்டலாம், தடை இல்லை. ஆனால் பழையதும் புதியதும் சேர்ந்த மொத்தக் கட்டடப் பரப்பில் புதியது பாதிக்கு மேல் போகக் கூடாது. 4,000 சதுர அடி பங்களா என்றால், அதிகபட்சம் இன்னொரு 4,000 சதுர அடி. நீச்சல் குளம், புல்வெளி போன்றவை இந்தக் கணக்கில் சேராது. கட்டுகிற விதமும் பழைய பாணியோடு ஒத்துப்போக வேண்டும். முன்னால் ஓட்டுக் கூரையும் புகைபோக்கியும் நிற்க, பின்னால் கண்ணாடிப் பெட்டி போல மூன்று மாடி எழுப்பினால் தேறாது.

பழைய சாமான் வைத்துப் புதிதாகக் கட்டியவர்கள் கேட்பார்கள்: காரைக்குடியிலிருந்து தூண், கதவு, ஜன்னல் எல்லாம் லாரியில் ஏற்றி வந்தோமே, அது பாரம்பரியம் இல்லையா? அதற்கென்று ‘லெகசி விண்டேஜ்’ என்ற தனி வகையை 2018-ல் அமைச்சகம் கொண்டுவந்தது. அதிலும் கட்டுமானப் பொருளில் பாதியாவது பாரம்பரியக் கட்டடங்களிலிருந்து வந்திருக்க வேண்டும். வாசல் கதவு ஒன்றும் ஊஞ்சல் ஒன்றும் போதாது.

வசதிகள் பக்கம் வந்தால், மலை ஊர்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. சமவெளியில் ‘கிராண்ட்’ வாங்க வேண்டுமென்றால் பாதி அறைகளுக்காவது ஏசி வேண்டும். மலைவாசஸ்தலங்களில் அதற்குப் பதில் அறையைச் சூடாக்கும் ஏற்பாடு வேண்டும். ஆகவே, நம் பழைய பங்களாக்களில் இருக்கும் கணப்பு அடுப்பை அடைத்து டிவி ஸ்டாண்டு ஆக்கியவர்கள் கொஞ்சம் யோசிக்கலாம். டிசம்பர் இரவில் விருந்தினர் கேட்கும் முதல் கேள்வியும் அதைப் பற்றித்தான். புகைபோக்கியைச் சுத்தம் செய்யாமல் யூகலிப்டஸ் கட்டையைக் கொளுத்தினால், புகை மேலே போகாமல் அறைக்குள் திரும்பி, விடியும்போது போர்வையெல்லாம் தைல வாசனை அடிக்கும். அது வேறு விஷயம்.

கிளாசிக் வாங்க ஒரு விளையாட்டு வசதி வேண்டும். நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், டென்னிஸ், ஸ்குவாஷ், குதிரையேற்றம், கோல்ஃப், இவற்றில் ஏதாவது ஒன்று ஹோட்டலுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். பக்கத்தில் கோல்ஃப் மைதானம் இருக்கிறது என்று கை காட்டினால் செல்லாது. ஆனால் மலையேற்ற நடை, மீன்பிடிப்பு, படகு போன்றவற்றை ஏற்பாடு செய்து தந்தால் அதற்கும் தனியாக மதிப்புக் கொடுப்பார்கள். அது மலைக்காரர்களுக்கு வசதி.

சாப்பாட்டு விதியைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அந்தப் பகுதியின் பாரம்பரிய உணவு கிடைக்க வேண்டும், கூடவே ஐரோப்பியச் சாப்பாட்டுக்கு நெருக்கமான நாலைந்து வகையும் வேண்டும் என்கிறது வழிகாட்டுதல். நம் மலை ஹோட்டல்களில் இது அப்படியே தலைகீழ். ரோஸ்ட், கட்லெட், கேரமல் கஸ்டர்டு எல்லாம் தாராளமாகக் கிடைக்கும். பகுதி உணவு எங்கே என்றால் பன்னீர் பட்டர் மசாலா வரும். நீலகிரியில் பாரம்பரிய உணவு என்றால் படுகர் வீட்டு ராகிக் களியும் அவரைக் குழம்பும் மெனு கார்டில் இருக்க வேண்டும். கொடைக்கானலில் மலைப்பூண்டாவது கண்ணில் பட வேண்டும். 2019-ல் புவிசார் குறியீடே வாங்கிய பூண்டு அது.

விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். விருந்தோம்பல் துறைக்காக அமைச்சகம் நடத்தும் ‘நிதி’ என்ற தளத்தில் ஹோட்டலைப் பதிந்துகொண்டு, அதன் வழியே வகைப்பாட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கட்டணம் கட்டிய பிறகு, ஹோட்டல் மற்றும் உணவக அங்கீகார வகைப்பாட்டுக் குழு நேரில் வந்து பார்க்கும். குழு தேறியது என்று சொன்னால், சான்று ஐந்து வருடத்துக்குச் செல்லும். பிறகு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். இது கட்டாயம் இல்லை, விருப்பமுள்ளவர்கள் வாங்கிக்கொள்ளலாம். மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர் சுத்திகரிப்பு, குப்பை பிரித்தல் எல்லாமும் பார்வையில் வரும் என்பதால், செப்டிக் டேங்க் நிரம்பி ஓடையில் விடுகிறவர்கள் அழைக்காமல் இருப்பதே மேல்.

கட்டடத்தின் வயதை நிரூபிப்பதுதான் மலையில் பெரிய வேலை. ‘தாத்தா காலத்துப் பங்களா’ என்று வாய்வார்த்தையில் சொல்லிப் பயனில்லை. பழைய கிரயப் பத்திரங்கள், வில்லங்கச் சான்று, நகராட்சி சொத்துவரிப் பதிவு, பழைய சர்வே வரைபடம், எஸ்டேட் கணக்குப் புத்தகம் என்று கிடைப்பதையெல்லாம் வரிசையாக அடுக்கி வையுங்கள். பத்திரத்தில் நிலம் மட்டும் எழுதி, மேலே இருக்கும் வீட்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லாமல் இருப்பது உண்டு. அதை முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது.

அப்புறம், பலர் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயம். இந்தச் சான்று கட்டட அனுமதி அல்ல. மலைப் பகுதியில் ஒரு செங்கல் சேர்த்து வைப்பதற்கும் வேறு வாசல்கள் இருக்கின்றன. 1990-ல் அமைந்த மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம், நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் 1993-ல் வந்த முழுமைத் திட்டங்கள் (மாஸ்டர் பிளான்), கட்டட அழகியலைப் பார்க்கும் குழு, 7 மீட்டர் உயர வரம்பு எல்லாம் தனி. கொடைக்கானலில் விதி மீறிய விடுதிகளுக்கு நீதிமன்ற உத்தரவால் சீல் விழுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. அதேபோல இந்தச் சான்று பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம் என்ற அந்தஸ்தையும் தராது. உரிமையாளர் நாளைக்கே ஹோட்டலை மூடிவிட்டு இடிக்க நினைத்தால், சுற்றுலா அமைச்சகச் சான்று குறுக்கே வராது. இது திட்டத்தின் பெரிய ஓட்டை என்பது என் அபிப்பிராயம். ஊட்டியை உருவாக்கிய ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவனின் கோத்தகிரி பெத்தக்கல் பங்களா இடிந்து கிடந்து, பிறகு சீரமைக்கப்பட்டு அருங்காட்சியகமானது. எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் வராது.

இனி தங்க வருபவர்கள் பக்கம். ஹெரிடேஜ் என்று கூடுதலாக வாங்கினால், வகைப்பாட்டுச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். வரவேற்பு மேஜைக்குப் பின்னால் மாட்டியிருந்தால் வகையையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். சான்று இல்லையென்றால் மோசமான இடம் என்று பொருள் இல்லை. பல நல்ல பங்களாக்கள் இந்தப் பக்கமே போனதில்லை. சான்று இருப்பதாகச் சொல்லிவிட்டு இல்லாமல் இருந்தால்தான் பிரச்சினை.

வரிக் கணக்கில் ஒரு படிக்கட்டு இருக்கிறது, அதில் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் அறை வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். உங்களிடம் உண்மையில் வாங்கும் தொகைக்குத்தான் கணக்கு. 7,500 ரூபாய் அறைக்கு வரியோடு 7,875. வாடகை 100 ரூபாய் கூடி 7,600 ஆனால் வரியோடு 8,968. நூறு ரூபாய் ஏறியதற்கு ஆயிரத்துச் சொச்சம் கூடுதல். சீசனில் 7,800, 8,000 என்று சொல்லும் பங்களாக்காரரிடம் பேரம் பேசும்போது இதை எடுத்துச் சொன்னால் இரண்டு பேருக்கும் லாபம்.

பில்லில் ‘சர்வீஸ் சார்ஜ்’ தானாக ஏறியிருந்தால் எடுக்கச் சொல்லலாம். ஹோட்டலோ உணவகமோ அதைக் கட்டாயமாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர்நீதிமன்றமும் அதை ஏற்றது. நன்றாகக் கவனித்துக்கொண்ட பையனுக்குக் கையில் கொடுப்பது உங்கள் இஷ்டம்.

காரில் வருகிறீர்கள் என்றால், அறைக்குப் பணம் கட்டும் முன் இ-பாஸ் எடுத்துவிடுங்கள். சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் அது வேண்டும், கட்டணம் கிடையாது. 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று வரம்பே வைத்தார்கள். அரசு பஸ்ஸில் வந்தால் இந்தத் தொல்லை இல்லை. பணம் திரும்பக் கிடைக்காத அறையை முதலில் எடுத்துவிட்டு, பாஸ் கிடைக்கவில்லை என்று ஹோட்டலிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

விளம்பரத்தில் சொன்ன வகைப்பாடு பொய் என்று தெரிந்தால், பில், போர்டின் படம், புக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் எடுத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். தமிழிலேயே பேசலாம். ஹோட்டலை விட்டுக் கிளம்பும் முன் படங்களை எடுத்துவிடுங்கள்; பிறகு போர்டு மாறியிருக்கும்.