உறுமலை அடக்காதீர்கள்: வளர்ந்த நாயைப் பொறுமையாகப் பழக்குவது பற்றி

வளர்ந்த நாய் எதையும் கற்காத நாய் அல்ல. ஆட்களைக் கண்டதும் மேலே தாவினால் கொஞ்சுவார்கள், கதவருகே நின்று விடாமல் குரைத்தால் வெளியே அழைத்துப் போவார்கள், கயிற்றை இழுத்தால் போக நினைத்த இடத்துக்குச் சீக்கிரம் போகலாம் என்பதையெல்லாம் அது பல ஆண்டுகளாகத் தெரிந்து வைத்திருக்கிறது. கால்நடை மருத்துவரான என்னிடம் நாயின் நடத்தையைப் பற்றி முறையிட வருபவர்கள் இவற்றைப் பிடிவாதம் என்றும் திமிர் என்றும் சொல்கிறார்கள். இவை பலன் தந்ததால் நிலைத்த பழக்கங்கள். அந்தப் பலன் நின்று, வேறொரு செயலுக்கு அதைவிட நல்ல பலன் கிடைக்கத் தொடங்கினால், எட்டு வயது நாயும் மாறும்.

வயது தடையில்லை என்று நான் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. வியன்னாவில் ஐந்து மாதக் குட்டி முதல் பதின்மூன்று வயது வரையிலான பார்டர் கோலி நாய்களை வைத்து நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், வயதான நாய்களுக்குப் புதிய பாடத்தைக் கற்கக் கூடுதல் முயற்சிகள் தேவைப்பட்டன. ஆனால் கற்றதை ஆறு மாதங்களுக்குப் பிறகும் நினைவில் வைத்திருந்ததில் அவை இளைய நாய்களுக்குக் குறைந்தவையாக இல்லை. ஆகவே வளர்ந்த நாய்க்கு நாம் கூடுதலாகத் தர வேண்டியது நேரமும் திரும்பச் செய்யும் பொறுமையும்தான்.

பயிற்சியைத் தொடங்கும் முன் உடலைப் பரிசோதித்துவிட வேண்டும். இதுவரை சாதுவாக இருந்த நாய் திடீரென்று தொட விடாமல் சீறினால், அதற்கு எங்கோ வலிக்கிறது என்றே முதலில் நினைக்க வேண்டும். இடுப்பு மூட்டுத் தேய்மானம், காதுக்குள் தொற்று, பல் வலி ஆகியவை வெளியில் தெரியாமலேயே நாயை எரிச்சலுக்கு உள்ளாக்கும். மூட்டு வலியுள்ள நாயை "உட்கார்" என்று திரும்பத் திரும்ப வற்புறுத்துவது கொடுமை. கூப்பிட்டால் வராத முதிய நாய்க்குக் காது மந்தமாகியிருக்கலாம். அதற்குக் கைச் சைகைகளால் கற்றுத்தர முடியும்.

பயிற்சியில் பலரும் தவறவிடுவது நேரக் கணக்கு. நாய் சரியானதைச் செய்த ஓரிரு நொடிகளுக்குள் பாராட்டோ தீனியோ கிடைத்தால்தான் எந்தச் செயலுக்காகக் கிடைத்தது என்று அது புரிந்துகொள்ளும். நாய் உட்கார்ந்த பிறகு தீனியை எடுக்க உள்ளே சென்று திரும்பினால், அதற்குள் எழுந்து நிற்கும் நாய் எழுந்து நின்றதற்கே பரிசு பெறுகிறது. ஆகையால் தீனி முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். விரல் நகம் அளவுத் துண்டு போதும். நாளின் மொத்த உணவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தீனியாகப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்லேட், திராட்சை, வெங்காயம், சைலிட்டால் என்ற சர்க்கரை மாற்று இனிப்பூட்டி சேர்த்த இனிப்புகள் ஆகியவை நாய்க்கு நஞ்சு என்பதால் அவற்றைத் தரவே கூடாது. ஒரு வேளைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடப் பயிற்சி போதுமானது.

தாவும் நாயை முழங்காலால் தள்ளுவதும், கத்துவதும், கையைப் பிடித்து இறக்கிவிடுவதும் நாயின் பார்வையில் கவனிப்பாகவே அமையக்கூடும். நான்கு கால்களும் தரையில் இருக்கும்போது மட்டும் கொஞ்சுங்கள். தாவினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு அசையாமல் நில்லுங்கள். வழக்கமான பலன் கிடைக்காமல் போகும்போது, தாவுதல் குறைவதற்கு முன் சில நாட்களுக்கு அதிகமாகவும்கூடும். பெரும்பாலானோர் இந்தக் கட்டத்தில்தான் முயற்சியைக் கைவிடுகிறார்கள். வீட்டில் ஒருவர் விலக்க, இன்னொருவர் கொஞ்சினால், விடாமல் முயன்றால் ஒருநாள் கிடைத்துவிடும் என்று நாய் கற்றுக்கொள்ளும். அதை மாற்றுவது முன்னைவிடக் கடினமாகிவிடும்.

எனக்கு உண்மையான கவலை தருவது உறுமலுக்குத் தண்டனை தரும் வழக்கம். நாய் எடுத்த எடுப்பில் கடிப்பது அரிது. முகத்தைத் திருப்புகிறது, உதட்டை நக்குகிறது, தூக்கமில்லாமலே கொட்டாவி விடுகிறது, கண்ணின் வெண்பகுதி தெரிய ஓரமாகப் பார்க்கிறது, உடலை விறைக்கிறது. இவ்வளவும் கவனிக்கப்படாத பிறகே பல நேரங்களில் உறுமுகிறது. உறுமும்போதெல்லாம் அடி வாங்கும் நாய்க்கு அச்சம் போவதில்லை, எச்சரிக்கை மட்டுமே போகிறது. "எந்த அறிகுறியும் இல்லாமல் கடித்துவிட்டது" என்று சொல்லி அழைத்து வரப்படும் நாய்கள் சிலவற்றின் பின்னணியை விசாரித்தால், முன்பு உறுமியதற்காக அவை பலமுறை அடிபட்டிருப்பது தெரிய வருகிறது. உறுமினால் விலகி நில்லுங்கள், எது அதை அச்சுறுத்தியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

நாயை மல்லாத்தி அழுத்தி "யார் தலைவன் என்று காட்ட வேண்டும்" என்ற ஆலோசனை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அடைத்து வைக்கப்பட்ட ஓநாய்கள் தலைமைக்காகப் போட்டியிடுவதை விவரித்து 1947-இல் ருடால்ஃப் ஷென்கெல் வெளியிட்ட ஆய்வு அந்த எண்ணத்தின் வேர்களில் ஒன்று. காட்டில் வாழும் ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் தாயும் தந்தையும் குட்டிகளும் கொண்ட குடும்பமே என்று, நெடுங்காலம் ஓநாய்களை ஆராய்ந்த டேவிட் மீச் 1999-இல் விளக்கினார். தலைமைப் போட்டிக் கதைக்குக் காட்டு ஓநாயிடமே அடிப்படை இல்லாதபோது, அதை நம் வீட்டு நாயின் மீது ஏற்றுவதில் நியாயமில்லை.

"தப்புச் செய்தது அதற்கே தெரியும், முகத்தைப் பாருங்கள்" என்பதும் நாயை அடிப்பதற்குச் சொல்லப்படும் காரணம். அலெக்ஸாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் குற்ற முகம் நாய் தவறு செய்ததைப் பொறுத்து வரவில்லை, உரிமையாளர் திட்டியதைப் பொறுத்தே வந்தது. மாலையில் வீடு திரும்பி, காலையில் கடித்துக் குதறிய செருப்பைக் காட்டி அடித்தால், நீங்கள் வீட்டுக்குள் வருவதே ஆபத்து என்பதைத்தான் நாய் கற்கும்.

அச்சத்தால் குரைக்கும் நாய்க்குத் தூரமே மருந்து. அயலாரைக் கண்டு மிரளும் நாயை, அவரைப் பார்த்தும் தீனியை நிதானமாகத் தின்னக்கூடிய தொலைவில் நிறுத்துங்கள். அவர் கண்ணில் பட்டதும் நல்ல தீனி, மறைந்ததும் தீனி நிறுத்தம். சில வாரங்களில் அவரைக் கண்டதும் நாய் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்த்தால், அப்போது ஓரிரு அடிகள் முன்னேறலாம். தீனியை மறுக்கும் நாய் தாங்க முடியாத அளவுக்கு அஞ்சுகிறது, உடனே பின்வாங்குங்கள்.

ஏற்கெனவே ஒருவரைக் கடித்துவிட்ட நாயாக இருந்தால் இவற்றைத் தனியாகச் செய்ய வேண்டாம். நடத்தைச் சிகிச்சையில் தேர்ந்த கால்நடை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யுங்கள். அத்தகைய நாய்க்கு, வாயைத் திறந்து மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் இடம் விடும் கூடை வடிவ வாய்மூடியை அணியப் பழக்க வேண்டும். முதலில் அதற்குள் தீனியை வைத்து நாயே மூக்கை நுழைக்க விடுங்கள். தானாக நுழைத்துச் சற்று நேரம் அமைதியாக இருக்கத் தொடங்கிய பிறகே வாரை மாட்டுங்கள்.