பாறைக்கு வயசு 250 கோடி, நீலகிரி மலைக்கு எவ்வளவு?

நீலகிரி இமயமலையை விட பழசுன்னு எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. அது தப்பு இல்ல, ஆனா அதுல ரெண்டு விஷயம் ஒண்ணா கலந்து கிடக்கு. ஒண்ணு, மலை எந்தக் கல்லால ஆனதோ அந்தக் கல்லோட வயசு. இன்னொண்ணு, அந்தக் கல்லு பூமிக்கு மேல வந்து, சுத்தி இருக்கிற நிலத்தை விட உசந்து, மலைன்னு நிக்க ஆரம்பிச்ச காலம். நீலகிரியைப் பொறுத்தவரைக்கும் இந்த ரெண்டுக்கும் நடுவுல 200 கோடி வருஷத்துக்கு மேல இடைவெளி. அந்த இடைவெளில என்னென்ன நடந்துச்சுங்கிறதுதான் நீலகிரியோட முழுக்கதை, எனக்குத் தெரிஞ்சு தென்னிந்தியாவுல இவ்வளவு சுவாரஸ்யமான மலை வேற இல்ல.

முதல்ல மலையோட வடிவத்தைப் பாருங்க. மேட்டுப்பாளையம் கடல் மட்டத்துல இருந்து 300 மீட்டர் சொச்சம்தான். அங்க இருந்து பாத்தா எதிர்ல ஒரே செங்குத்தா நிக்குது, மேல தொட்டபெட்டா 2,637 மீட்டர். வடக்க மசினகுடி பக்கம் இருக்கிற சீகூர் பீடபூமியே 900, 1000 மீட்டர் உசரம், அங்க இருந்தும் ஊட்டிக்கு ஏறணும்னா கல்லட்டில 36 கொண்டை ஊசி வளைவு. இப்படி எந்தப் பக்கம் வந்தாலும் சுவர்தான், ஆனா ஏறி மேல வந்துட்டா சுவரே இல்ல, மெதுவா ஏறி இறங்குற புல்வெளி மேடு, நடுவுல அகலமான பள்ளத்தாக்கு, அதுல சோலைக்காடு. இமயமலைல மேல போகப் போக சிகரம் கூர்மையாகும், இங்க மேல போனா தட்டையாகுது. இந்த ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்ப கல்லு. குன்னூர் மலைப்பாதைல ரோட்டுக்காக வெட்டின இடத்துல புதுசா உடைஞ்ச ஒரு துண்டைக் கையில எடுத்தீங்கன்னா வெளித்தோல் மட்டும் பழுப்பா இருக்கும், உள்ள கருநீலமும் பச்சையும் கலந்த ஒரு நிறம், எண்ணெய் பளபளப்பு, நல்ல கனம். வெயில்ல திருப்பித் திருப்பிப் பாத்தா சின்னச் சின்னதா ரத்தச் சிவப்புல புள்ளி தெரியும், அது கார்னெட்ங்கிற மினரல். அந்தக் கல்லுக்குப் பேரு சார்னோகைட். சென்னைல பல்லாவரம் குன்று, பரங்கிமலை எல்லாம் இதே ரகம்தான், உலகத்துல முதல்ல இதை விவரிச்சதே அங்க இருந்துதான், 1893ல தாமஸ் ஹாலண்ட்ங்கிற ஜியாலஜிஸ்ட். கல்கத்தாவுல, கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கோட கல்லறைல இருக்கிற கல்லும் இதே வகைங்கிறதால அவர் பேரையே வெச்சுட்டார்.

சாதாரண கிரானைட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னா தண்ணி. கிரானைட்ல அபிரகம் மாதிரி மினரல்கள் இருக்கும், அதோட கிரிஸ்டலுக்குள்ளயே கொஞ்சம் தண்ணி பூட்டி வெச்சிருக்கும். சார்னோகைட் உருவான இடத்துல சூடு அவ்வளவு அதிகம், தண்ணி அவ்வளவு கம்மி, அதனால அந்த மினரல்கள் நிக்க முடியாம உடைஞ்சு பைராக்ஸீன்னு தண்ணியே இல்லாத மினரலா மாறிடுச்சு. மைக்ராஸ்கோப்ல பாத்தா இந்தக் கல்லுல இருக்கிற குவார்ட்ஸுக்குள்ள ரொம்பப் பொடிசா குமிழிகள் தெரியும், அதுக்குள்ள பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடுதான் அடைபட்டிருக்கும். அன்னைக்கு பூமிக்கு உள்ள இருந்த வாயு, இன்னைக்கும் அப்படியே உள்ள இருக்கு.

சரி, எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? அதுக்குத்தான் அந்தச் சிவப்புப் புள்ளி. கார்னெட்டும் பைராக்ஸீனும் பக்கத்துல பக்கத்துல வளரும்போது இரும்பையும் மெக்னீசியத்தையும் பங்கு போட்டுக்கும், யாருக்கு எவ்வளவுங்கிறது சூட்டைப் பொறுத்தது. அதே மாதிரி கார்னெட்டுக்கும் ஃபெல்ட்ஸ்பார்ங்கிற இன்னொரு மினரலுக்கும் நடுவுல கால்சியம் எப்படிப் பிரியுதுங்கிறது பிரஷரைப் பொறுத்தது. அந்தக் கணக்கு கிரிஸ்டல்ல உறைஞ்சு நின்னுடும். லேப்ல அளந்து பாத்தா நீலகிரிக் கல்லு சுமார் 700ல இருந்து 800 டிகிரி செல்சியஸ்ல வெந்திருக்கு. ஆழம்தான் இன்னும் ஆச்சரியம், மலையோட தென்மேற்குப் பக்கம் இருக்கிற கல்லு சுமார் 25 கிலோமீட்டர் ஆழத்துல இருந்தது, வடகிழக்குப் பக்கம் போகப் போக கிட்டத்தட்ட 35 கிலோமீட்டர். அதாவது மொத்தப் பாளமும் நேரா மேல வரல, சாஞ்சு வந்திருக்கு, வடகிழக்கு ஓரம் அதிகமா தூக்கிக்கிட்டு வந்ததால அங்க அடியில இருந்த கல்லு வெளிய தெரியுது. மலைல நடந்து போறவங்களுக்கு இது எதுவுமே தெரியாது, ஆனா தென்மேற்குல இருந்து வடகிழக்குக்கு நடந்தீங்கன்னா பூமிக்குள்ள பத்து கிலோமீட்டர் கீழ இறங்கின கணக்கு.

இன்னொண்ணும் யோசிச்சுப் பாருங்க. 25, 35 கிலோமீட்டர் ஆழத்துல இருந்த கல்லு இப்ப மேல கிடக்கு, அதுக்கு அடியில இன்னைக்கும் 40 கிலோமீட்டருக்கு மேல கண்டத்தோட மேலோடு, அதாவது பூமியோட கெட்டியான வெளி ஓடு, இருக்கு. பின்னாடி அடியில வேற எதுவும் வந்து ஒட்டிக்கலன்னு எடுத்துக்கிட்டா, ரெண்டையும் கூட்டினா எழுபது கிலோமீட்டர் கிட்ட வருது, இப்ப திபெத்துக்கு அடியில இருக்கிற தடிமன் அது. அப்போ அந்தக் காலத்துல இங்க ஒரு பெரிய மலைத்தொடர் இருந்திருக்கணும், நாம இப்ப பாக்குற நீலகிரி இல்ல அது, அது எப்பவோ கரைஞ்சு போச்சு, அதோட அடிவேர்தான் இப்ப ஊட்டி.

அந்தப் பழைய மலை எப்ப? இதுக்கு ஜிர்கான்னு ஒரு மினரல் உதவுது, மணல் துகளை விடச் சின்னதா இருக்கும், உருவாகும்போது கொஞ்சம் யுரேனியத்தை உள்ள எடுத்துக்கும் ஆனா ஈயத்தைச் சேத்துக்காது. யுரேனியம் 238ல பாதி ஈயமா மாற சுமார் 447 கோடி வருஷம் ஆகும், அந்த வேகம் யாராலயும் மாத்த முடியாதது, அதனால இப்ப உள்ள இருக்கிற ஈயத்தை அளந்தா வயசு வந்துடும். நீலகிரி ஜிர்கான்கள் சொல்றது, 270ல இருந்து 250 கோடி வருஷத்துக்கு முன்னாடி எரிமலைக் குழம்பா உருவாகி, கிட்டத்தட்ட 250 கோடி வருஷம் முன்னாடி ஆழத்துல போய் வெந்திருக்கு. கடல் தரைப் பிளேட் ஒண்ணு கீழ இறங்குற இடத்துல, இன்னைக்கு ஜப்பான், இந்தோனேசியா பக்கம் இருக்கிற எரிமலை வரிசை மாதிரி ஒண்ணு இருந்து, அது வடக்க இருந்த தார்வார் பாளத்தோட, அதாவது இன்னைய கர்நாடகாவோட பழைய மையத்தோட, மோதி ஒட்டிக்கிச்சுங்கிறது இப்ப பல ஆய்வாளர்கள் ஏத்துக்கிற விளக்கம்.

அந்த ஒட்டுன தடம் இன்னும் இருக்கு, அதுலதான் மாயாறு ஓடுது. மேப்ல மாயாறைப் பாருங்க, ஆறு மாதிரியே வளையாது, கிழக்கு மேற்கா கோடு போட்ட மாதிரி ஆழமான பள்ளத்துல போகும். ரெண்டு பாளம் ஒண்ணை ஒண்ணு உரசிக்கிட்டு நகர்ந்த பட்டை அது, ஷியர் ஜோன்னு சொல்றாங்க, அங்க கல்லு நசுங்கி மணியெல்லாம் நீளவாக்குல இழுபட்டு மைலோனைட்டா கிடக்கும், மத்த இடத்தை விட சீக்கிரம் அரிக்கும், தண்ணி அதைப் பிடிச்சுக்கிட்டுப் போகுது. தெக்க பவானிக்கும் இதே கதைதான், அதுவும் ஒரு ஷியர் ஜோன். இந்த ரெண்டு கோட்டுக்கும் நடுவுல மாட்டின முக்கோணம்தான் நீலகிரி, ரெண்டு ஆறும் பவானிசாகர்ல வந்து சேருது. அணைல நின்னு மேற்க பாத்தா அந்த முக்கோணத்தோட முனை உங்களுக்கு எதிர்ல.

கொடைக்கானல்லயும் சார்னோகைட்தான், கையில வெச்சுப் பாத்தா பெரிசா வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனா அங்க கல்லு கடைசியா பயங்கரமா வெந்தது சுமார் 55 கோடி வருஷம் முன்னாடி, கோண்ட்வானாங்கிற பெருங்கண்டம் ஒண்ணு சேந்த நேரம். இலங்கையோட மத்திய மலைநாடு, மடகாஸ்கர் தெக்குப் பகுதி எல்லாம் ஏறக்குறைய அதே காலத்துல வெந்ததுங்க, அன்னைக்கு எல்லாம் பக்கத்துப் பக்கத்துல இருந்த நிலம். அந்தச் சூடு பாலக்காடு காவிரி ஷியர் ஜோன் வரைக்கும் பலமா வந்துட்டு வடக்க நீலகிரிக்குள்ள பெரிசா ஏறல, அதனாலதான் நீலகிரி தன்னோட 250 கோடி வருஷத்துக் கணக்கை அழியாம வெச்சிருக்கு. பாலக்காட்டுக் கணவாயும் நசுங்கின அந்தப் பட்டைலதான் இருக்கு, சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலையே இல்லாத இடம்.

இவ்வளவும் கல்லோட கதை. மலையோட கதை கோண்ட்வானா உடையும்போது ஆரம்பிக்குது. முதல்ல ஆப்பிரிக்கா பிரிஞ்சது, அப்புறம் அண்டார்டிகா, அதுக்கப்புறம் சுமார் 8.8 கோடி வருஷம் முன்னாடி மடகாஸ்கர் இந்தியாவோட மேற்குப் பக்கத்துல இருந்து கிழிஞ்சு போச்சு. அந்தக் கிழிசல்ல வந்த எரிமலைக் கல்லை இன்னைக்கும் உடுப்பிக்கு எதிர்ல செயின்ட் மேரீஸ் தீவுல பாக்கலாம். கண்டம் கிழியும்போது ஓரம் தூக்கும், தூக்கின ஓரத்துல இருந்து கடலுக்கு மேற்கால செங்குத்தா சரிவு, கிழக்கால மெதுவான சரிவு. தமிழ்நாட்டுல பெரிய ஆறெல்லாம் மேற்குக் கடலை விட்டுட்டு கிழக்க ஓடறது அந்தச் சாய்வாலதான். ஆனா ஓரம் தூக்கினது ஒருதடவை நடந்த விஷயம், அதுக்கப்புறம் கோடிக்கணக்கான வருஷம் மழை பெஞ்சிருக்கு, மலை ஏன் இன்னும் தேஞ்சு தரையாகல?

பவானிசாகர்ல பரிசல் பாத்திருப்பீங்க, ஆள் இறங்க இறங்க பரிசல் தண்ணில மேல வரும். கண்ட மேலோடும் அப்படித்தான், அடியில இருக்கிற கனமான மேண்டில் மேல மிதக்குது. மேலோட்டுக் கல்லு தண்ணியை விட 2.8 மடங்கு கனம், மேண்டில் 3.3 மடங்கு. இந்தக் கணக்குப்படி மேல இருந்து ஆயிரம் மீட்டர் கல்லை மழை அரிச்சுக்கிட்டுப் போனா அடியில இருந்து கிட்டத்தட்ட 850 மீட்டர் திரும்ப எழும்பி வரும், நிகரமா குறையறது 150 மீட்டர்தான். ஐசோஸ்டசின்னு இதுக்குப் பேரு. இதுல முக்கியமான விஷயம் எல்லா இடமும் ஒரே மாதிரி அரிக்கிறது இல்லங்கிறது. சுத்தி இருக்கிற ஷியர் ஜோன், பள்ளத்தாக்கு எல்லாம் வேகமா அரிக்குது, நடுவுல இருக்கிற சார்னோகைட் கெட்டி, விரிசல் கம்மி, ரொம்ப மெதுவா அரிக்குது. எடை குறைஞ்சு மொத்த நிலமும் எழும்பும்போது அரிக்காத மேடும் சேந்து எழும்பும், அதாவது சுத்தி இருக்கிற நிலம் கரையறதாலயே நீலகிரி உசந்துக்கிட்டு இருக்கு. எனக்கு இந்த விளக்கம் மொத தடவை புரிஞ்சப்ப மலையைப் பாக்குற கண்ணே மாறிடுச்சு.

பழைய புத்தகங்கள்ல நீலகிரியை ஹார்ஸ்ட்னு எழுதியிருப்பாங்க, ரெண்டு பக்கமும் பிளவு விழுந்து நடுவுல இருந்த துண்டு அப்படியே மேல தள்ளப்பட்டுச்சுன்னு அர்த்தம். அந்த வாதம் முழுசா செத்துப் போகல. இந்தியா ஆசியாவோட சுமார் 5 கோடி வருஷம் முன்னாடி மோதினதுல இருந்து பிளேட் முழுக்க ஒரு அழுத்தம் இருந்துக்கிட்டே இருக்கு, பழைய பிளவுகள் கொஞ்சம் அசையத்தான் செய்யும், 1900 பிப்ரவரி 8ல கோயம்புத்தூர்ல வந்த, அளவு 6 இருந்த நிலநடுக்கம் அதுக்கு சாட்சி. ஆனா ரெண்டு கிலோமீட்டர் உசரத்தை முழுக்கப் பிளவு மேல போடறதை விட, பழைய பலவீனமான கோடுகளை ஆறு அரிச்சதும் அதுக்கு பதிலா நிலம் எழும்பினதும்னு சொல்றதுதான் எனக்குச் சரியாப் படுது.

இப்ப மேல இருக்கிற தட்டையான நிலத்துக்கு வருவோம். ஊட்டி, கோத்தகிரி பக்கமெல்லாம் சிவப்பு மண்ணு ஆழமா கிடக்கும், சில மேடுகள்ல செம்புரைக்கல்லும் பாக்சைட்டும் இருக்கும். சார்னோகைட்ல இருக்கிற ஃபெல்ட்ஸ்பார் சூடும் ஈரமும் சேந்து முதல்ல களிமண்ணாகும், அப்புறம் சிலிக்காவும் கரைஞ்சு போய் அலுமினியமும் இரும்பும் மட்டும் மிஞ்சும். இதுக்கு லட்சக்கணக்கான வருஷம் வேணும், அதோட நிலம் சரிவா இருந்தா நடக்காது, மழைத்தண்ணி ஓடிடும், மண்ணும் கூடவே போயிடும். அப்போ இவ்வளவு தடிமனா மண்ணு நிக்குதுன்னா, அந்த நிலப்பரப்பு ரொம்பக் காலம் தட்டையா, ஆறுகள் ஆழமா வெட்டாத இடமா இருந்திருக்கு, விளிம்புல நடக்கிற அரிப்பு இன்னும் உள்ள வந்து சேரல. மேல தட்டை, ஓரத்துல சுவர்ங்கிற அந்த வடிவத்துக்கு காரணம் இதுதான்.

அந்த மண்ணுதான் மழைக்காலத்துல ஆபத்தும். சில இடத்துல 30, 40 மீட்டர் வரைக்கும் கல்லு மக்கி இருக்கும், நடுநடுவுல மக்காத உருண்டைப் பாறைகள் புதைஞ்சு கிடக்கும், ரோடு வெட்டின இடத்துல நின்னா சிவப்பு மண்ணுக்குள்ள பெரிய பெரிய உருண்டையா துருத்திக்கிட்டு நிக்கறது தெரியும். மழை விடாம பெஞ்சா தண்ணி மண்ணு வழியா இறங்கி கீழ கெட்டிக் கல்லு வந்ததும் நிக்கும், அந்த எல்லைல பிரஷர் கூடும், மண்ணோட பிடிமானம் போயிடும். அடிவாரத்துல வீட்டுக்கோ ரோட்டுக்கோ வெட்டி எடுத்திருந்தா தாங்கவும் எதுவும் இருக்காது. 1993 நவம்பர்ல குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டுல மரப்பாலத்துல நடந்த மண்சரிவு, 2009 நவம்பர்ல மாவட்டம் பூரா நூத்துக்கணக்கான இடத்துல சரிஞ்சு 40 பேருக்கு மேல இறந்தது, ரெண்டுலயும் அடியில இருந்த சார்னோகைட் அசையல, மேல மக்கிக் கிடந்த மண்ணும் அதுல புதைஞ்ச உருண்டைகளும்தான் இறங்குச்சு.